மலை மச்சானின் மறுகுரல்

பாட்டில் பாதியைப் பாடாமலே பாடகன் என்று பேர் வாங்கிய ஒரே மனிதர் எங்கள் தெருவில்தான் இருக்கிறார். அவருக்கு உம்மா வாப்பா வைத்த பேர் இப்போது அடையாள அட்டைக்கு மட்டுந்தான் தெரியும். கடலோரக் கல்முனைக்கே அவர் மலை மச்சான்.

தேயிலை மலையில் ஒரு சின்னப் பள்ளிவாசலில் பாங்கு சொல்லித் தொழுகைக்கு அழைக்கும் மோதினாருக்கு மகனாகப் பிறந்து, பைத்துப் பாட்டும் றபானாக் கொட்டுமாக வளர்ந்தவர். எங்கள் பக்கத்தில் கலியாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குக் குடிவர வேண்டும். இவரும் வந்தார், ஒரு பெட்டியும் ஒரு கிட்டாருமாக. பெட்டியைப் பார்த்து மாமனார் சிரித்தார். கிட்டாரைப் பார்த்துச் சிரிக்கவில்லை.

ஆனாலும் பொறுத்துக்கொண்டார். மைத்துனியின் கலியாணம் வந்தது. சபையில் மலை மச்சான் கிட்டாரோடு எழும்பி, தானே கட்டிய பாட்டைப் பாடினார். மலையின் மழையைப் பற்றியது. தாளம் றபானா, நடை ஜாஸ், குரல் தேன். ஒரு வரி பாடினார். பிறகு வாயை மூடி, தலையைச் சாய்த்து, எதையோ கேட்பவர் போல நின்றார்.

மைக் செட்காரர் ஓடிவந்து வயரை மாற்றினார். அடுத்த வரி வந்தது. மறுபடியும் மௌனம். தொண்டை வறண்டுவிட்டது என்று யாரோ இஞ்சிப் பிளேன்டீ நீட்டினார்கள். மூன்றாவது மௌனத்தில் சனம் பாட்டு முடிந்துவிட்டதென்று எண்ணி பிரியாணி சஹன் தட்டுகளுக்குப் பாய்ந்துவிட்டது.

மாமனார் பள்ளிவாசல் நிருவாகத்தில் ஒருவர். பாட்டு மார்க்கத்துக்கு ஆகாது என்றுதான் ஏசுவார் என்று நினைத்தோம்.

“பாடினது குத்தமில்ல மருமவன்,” என்றார். “நடுவில நடுவில நிண்டதுதான் வெக்கம். பாட மறந்தவன் எண்டு ஊரெல்லாம் கதைக்கிறானுகள். இனி அந்தச் சாமான் என்ட ஊட்டுக்குள்ள இரிக்கப்படா.”

அன்றிலிருந்து கிட்டார் என் ஹாட்வெயார் கடையின் மூலையில், வாளிகளுக்குப் பக்கத்தில் குடியிருந்தது. வெள்ளிக்கிழமை பின்னேரங்களில் அதை உரச்சாக்குக்குள் போட்டுக்கொண்டு பொத்துவில் பஸ் ஏறுவார். ஒருநாள் நானும் கூடப் போனேன்.

“சாக்குக்குள்ள என்ன காக்கா?” என்று அண்ணன் முறை வைத்துக் கேட்டான் கொண்டக்டர்.

“மண்வெட்டி.”

பஸ் ஒரு பள்ளத்தில் விழுந்தது. சாக்கு ‘டிங்’ என்றது.

“மண்வெட்டி நல்லாப் பாடுது காக்கா,” என்று சொல்லி டிக்கெட்டைக் கிழித்தான்.

பொத்துவிலில் சுற்றுலாக்காரர்கள் கூடும் கடற்கரை ஹோட்டலில் அவர் பாடியது அதே பாட்டு, அதே மௌனம். ஆனால் அங்கே அந்த இடைவெளியில் ஒரு வெள்ளைக்காரர் மெல்ல டிரம் தட்டினார். இன்னொருவர் கண்ணை மூடி, ஜாஸின் உயிரே இந்த மௌனம்தான் என்று உருகினார். நான் மலை மச்சானின் காதைக் கடித்தேன்.

“உண்மையச் சொல்லுங்க மச்சான், பாட்டு மறந்து போகுதா?”

“இல்ல மச்சான். வாப்பாட பள்ளிவாசல்ல ஸ்பீக்கர் இல்ல. ஒரு வரி பாங்கு சொன்னா எதிர்மலையில இருந்து அது திரும்பி வரும். அது வந்து முடியாம அடுத்த வரியத் தொட்டா வாப்பா காதைத் திருகுவாரு. பழகிப் போச்சி.”

“நம்மட ஊருல மலை எங்க இரிக்கி?”

“அதான் காத்துக்கிட்டு நிக்கிறேன்,” என்றார். சிரித்தேன். அவர் சிரிக்காததைக் கண்டதும் என் சிரிப்பு பாதியில் நின்றது.

பிறகு நோன்பு வந்தது. ஒருநாள் நோன்பு திறக்கும் மஃரிப் நேரம் நெருங்கும்போது கரண்ட் போனது. பள்ளிவாசல் ஜெனரேட்டர் இருமிவிட்டுப் படுத்தது. எங்கள் மோதினாருக்கு அன்றைக்கென்று பார்த்துச் சளித் தடிமன், குரலே இல்லை. கஞ்சிக் கோப்பையோடு ஊரே காத்திருக்க, மாமனார் வேறு வழியில்லாமல் மருமகனைப் பார்த்தார்.

“மேல ஏறிப் பாங்கு சொல்லு. அல்லாவுக்காக நடுவில நிண்டிராத. இண்டைக்கும் நிண்டா எனக்கு ஊருக்குள்ள முகம் காட்ட ஏலா.”

மேல்மாடியில் ஏறி முதல் வரியைச் சொன்னார். கஞ்சிக் கோப்பையில் கை வைத்திருந்த எனக்கே உடம்பு சிலிர்த்தது. சொல்லிவிட்டு, தலையைச் சாய்த்து, நின்றார். மாமனாரின் பேரீச்சம்பழம் உதட்டருகே நின்றது.

பாங்கு கேட்டால் அதே வார்த்தையை நாமும் மெல்லச் சொல்வது வழக்கம். தினமும் சொல்வோம், ஸ்பீக்கர் அதை விழுங்கிவிடும். அன்று ஸ்பீக்கர் இல்லை, ஃபேன் இல்லை, தெருவில் ஒரு மோட்டார் சைக்கிள்கூட இல்லை. முற்றத்திலிருந்து, கடைகளிலிருந்து, குசினி ஜன்னல்களிலிருந்து, அவர் சொன்ன வரி ஊரின் குரலில் திரும்பிப் போனது.

மேலே நின்றவரின் முகத்தை நான் பார்த்தேன். எதிர்மலையைக் கண்டுவிட்ட முகம். அடுத்த வரியைச் சொன்னார், மறுபடி நின்றார், மறுபடியும் வந்தது. இந்தத் தடவை எல்லோரையும்விட உரக்கச் சொன்னது மாமனார்தான்.

தொழுகை முடிந்து வெளியே வந்ததும் மாமனார் செருப்பைத் தேடுவது போலக் குனிந்துகொண்டே சொன்னார்: “மருமவன், அந்தச் சாமானக் கடைக்குள்ள போட்டு வெக்காத. உப்புக் காத்துப் புடிக்கும். ஊட்ட கொண்டு வா.”

மறுநாள் காலையில் கிட்டார் போய்விட்டது. அந்த மூலையில் இப்போது வாளிகளை அடுக்கியிருக்கிறேன். விற்பனை மோசமில்லை. ஆனாலும் வெள்ளிக்கிழமை பின்னேரமானால் அந்தப் பக்கம் தலையைச் சாய்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நிற்கிறேன். வாளி வாங்க வந்தவர்கள், எனக்கு விலை மறந்துவிட்டதென்று நினைக்கிறார்கள்.