நூற்று நாற்பத்தேழாம் பக்கம்

கண்ணாடிக் கடைக்காரர் அந்தப் பக்கத்தை ஏழாவது முறையாகப் படித்தார். ஏழாவது முறையும் அதில் அதேதான் எழுதியிருந்தது.

மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். விற்பனைக்கு வைத்திருந்த வேறொன்றை மாட்டிக்கொண்டு படித்தார். எழுத்து பெரிதானதே தவிர மாறவில்லை.

'லிஃப்ட்காரரை நாங்கள் கதையிலிருந்து அனுப்பிவிட்டோம். அவரைத் திரும்ப அழைத்து வர வைத்தது ஒரே ஒரு கடிதம். எழுதியவர் ஒரு பெண். பெயர் போடவில்லை.'

அது 'இந்த லிஃப்ட் ஓடாது' என்ற டி.வி. நகைச்சுவைத் தொடர் எப்படி எடுக்கப்பட்டது என்று அதன் உதவி இயக்குநர் எழுதிய புத்தகம். ஐந்து மாடிக் கட்டடம், என்றைக்கும் ஓடாத ஒரு லிஃப்ட், அதற்குள் முக்காலி போட்டு உட்கார்ந்து "மூணாவது மாடி" என்று அறிவித்துக்கொண்டே இருக்கும் லிஃப்ட்காரர். தொடர் முடிந்து இருபது வருடம் ஆகியும் அதைப் பேசிப் பேசியே சிரிப்பதற்கு ஒரு ரசிகர் மன்றம் இருந்தது. அதற்குத் தலைவர் நம் கண்ணாடிக் கடைக்காரர்.

தலைவரானதற்குக் காரணம் ஒன்றே ஒன்றுதான். அறுபதாவது பகுதியில் லிஃப்ட்காரரை வேலையை விட்டு அனுப்பினார்கள். இவர் கொதித்துப் போய்ப் பதினாறு பக்கத்துக்கு ஒரு கடிதம் எழுதினார். அறுபத்தெட்டாவது பகுதியில் லிஃப்ட்காரர் முக்காலியோடு திரும்பி வந்தார். "எல்லாம் என் கடிதம் பண்ணின வேலை" என்று அன்றைக்குச் சொல்ல ஆரம்பித்தவர் இன்னும் நிறுத்தவில்லை. அதை எடுத்துவிட்டால் அவருக்குத் தலைவராக வேறு தகுதி கிடையாது. அவருக்கே அது தெரியும் என்பதுதான் பாவம்.

போன் அடித்தது. மன்றத்தின் செயலாளரான டீச்சர்.

"தலைவரே, புத்தகம் படிச்சு முடிச்சிட்டீங்களா? இன்னிக்கு என் முறை. அஞ்சு மணிக்கு வந்து வாங்கிக்கறேன்."

மன்றத்துக்கு ஒரே பிரதிதான். ஆளுக்கு மூன்று நாள். ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் கூடி விவாதம்.

"இன்னும் கொஞ்சம் பாக்கி இருக்கு டீச்சர்."

"மூணு நாளுன்னா மூணு நாள்தான். விதி போட்டதே நீங்கதானே?"

மணி நாலே முக்கால். உடைந்த சட்டம் ஒட்டும் பசை மேசை மேலேயே இருந்தது. நல்லவர்களுக்குக் கெட்ட யோசனை வரும்போது அதற்கு வேண்டிய சாமான் எப்போதும் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருக்கும். நூற்று நாற்பத்தேழாம் பக்கத்தில் நாலு சொட்டு விட்டு, எதிர்ப்பக்கத்தோடு சேர்த்து அழுத்தினார். பக்கம் நன்றாக ஒட்டியது. அவருடைய கட்டை விரலும் நன்றாக ஒட்டியது.

டீச்சர் வந்தபோது தலைவர் புத்தகத்தை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தார்.

"குடுங்க."

"இதோ." ஒரே இழுப்பு. விரல் தோல் கொஞ்சம் இலக்கியத்தோடு போய்ச் சேர்ந்தது.

டீச்சர் நின்ற இடத்திலேயே புத்தகத்தைப் புரட்டினார். "இங்க ரெண்டு பக்கம் ஒட்டியிருக்கே?"

"அச்சகத்துலயே அப்படி ஆயிடுச்சு போல."

"அப்போ கடையில மாத்திடலாம். பில்லை நான் பத்திரமா வெச்சிருக்கேன்."

 புதுப் பிரதி வந்தால் புதுப் பக்கமும் வரும்.

"மாத்தினாலும் இப்படித்தான் டீச்சர் இருக்கும். அது வேணும்னே ஒட்டினது."

"வேணும்னேயா?"

"உள்ள ஏதோ வெளியில சொல்ல முடியாத விஷயம் இருக்காம். யாரோ கேஸ் போடுவேன்னு மிரட்டினதால எல்லாப் புத்தகத்துலயும் அந்தப் பக்கத்தை ஒட்டித்தான் விக்கிறாங்களாம். நீங்க யார்கிட்டயும் சொல்லிடாதீங்க."

முப்பது வருடம் வகுப்பறையில் துண்டுச் சீட்டுகளைப் பறித்துப் படித்த கண்கள் அவை. அவற்றில் ஒரு வெளிச்சம் வந்தது.

"நான் ஏன் சொல்லப் போறேன்?" என்றார் டீச்சர்.

அவர் சொன்னது பஸ் கண்டக்டரிடம் மட்டும்தான். கண்டக்டரும் மன்றத்து உறுப்பினர். மறுநாள் அவர் பஸ்ஸில் ஏறியவர்களுக்கெல்லாம் டிக்கெட்டோடு இந்தச் செய்தியும் கிடைத்தது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தலைவர் வீட்டுக் கூடத்தில் கூட்டம். வழக்கமாக ஒன்பது பேர் வருவார்கள், அதில் இரண்டு பேர் தூங்குவார்கள். அன்றைக்கு முப்பத்து நாலு பேர். பக்கத்து வீட்டு நாற்காலிகளும் போதாமல் ஜன்னல் விளிம்பில் உட்கார்ந்திருந்தார்கள்.

"என்னங்க இது, இத்தனை பேருக்கு டீ போடணுமா?" என்று மனைவி சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள். அவளுக்கு அந்தத் தொடரே ஆகாது. ஓடாத லிஃப்டை உட்கார்ந்து பார்க்க என்ன இருக்கிறது என்று அந்த நாளிலேயே கேட்டவள்.

"பாதிப் பேரை நான் திருப்பி அனுப்பிடறேன்" என்றார் தலைவர் நப்பாசையோடு. ஒருவரும் அசையவில்லை.

கண்டக்டர் கையில் கெட்டிலோடு வந்திருந்தார். "ஆவியில காட்டினா எந்தப் பசையும் விட்டுடும் தலைவரே. எங்க அண்ணி அப்படித்தான் கவரெல்லாம் பிரிப்பாங்க."

"கேஸு, கோர்ட்டுன்னு ஏதாவது வந்துடப் போகுது கண்டக்டரே."

"முப்பத்து நாலு பேரையும் உள்ள போட இடம் வேணாமா?"

ஆவி பிடித்தார்கள். பக்கம் அசையவில்லை. சவரக் கத்தி நுனியை விட்டுப் பார்த்தார்கள். நுனி உடைந்தது. கண்ணாடிச் சட்டமே ஒட்டுகிற பசை, காகிதத்தையா விட்டுவிடும்? தலைவர் வாழ்க்கையில் முதல் முறையாகத் தன் கடைச் சரக்கை நினைத்துப் பெருமைப்பட்டார்.

"சரி, விட்டுடுவோம். நம்ம குடுத்துவெச்சது அவ்வளவுதான்" என்றார், முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டு.

"இருங்க" என்றார் கண்டக்டர். "உள்ள பார்க்க முடியலைன்னா என்ன? பின்பக்கம் என்ன இருக்குன்னு பார்ப்போம்."

ஒரு தாளுக்கு இரண்டு பக்கம் உண்டு என்பது தலைவருக்கு அப்போதுதான் உறைத்தது. ஏழு முறை படித்த மனுஷர் ஒருமுறைகூடத் தாளைத் திருப்பவில்லை. ஒட்டிய பக்கத்தைத் தாண்டிப் போக மனசு வராமல் டீச்சரும் அங்கேயே நிறுத்தியிருந்தார்.

பின்பக்கம் முழுக்க ஒரு புகைப்படம். டீச்சர் அதன் கீழே இருந்த வரியைச் சத்தமாகப் படித்தார். "லிஃப்ட்காரரைத் திரும்பக் கொண்டுவந்த கடிதம்."

கூடம் அதிரக் கைதட்டல். "தலைவரே, உங்க கடிதம். படமாவே போட்டிருக்காங்க." யாரோ அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். ஜன்னலில் இருந்தவர் விசிலடித்தார். அப்படியே விட்டிருந்தால் தலைவரும் அதை வாங்கிக்கொண்டிருப்பார்.

"ஆனா பதினாறு பக்கம்னு சொன்னீங்களே தலைவரே" என்றார் டீச்சர். "இது ஒரு போஸ்ட் கார்டுதானே?"

கைதட்டல் அடங்கியது. தலைவர் எழுந்தார். உட்கார்ந்தார். மறுபடி எழுந்தார்.

"அது என்னோடது இல்ல" என்றார். "யாரோ ஒரு அம்மா எழுதினது. என் கடிதத்தைப் பத்தி ஒட்டின பக்கத்துல ஒரு வரிகூட இல்ல. அந்தப் பக்கத்தை ஒட்டினதும் நான்தான். இருபது வருஷமா உங்ககிட்ட பெருமையடிச்சுட்டு, அதைப் படிச்சுக் காட்ட எனக்குத் தைரியம் வரலை. தலைவர் பதவியை யாருக்காவது குடுத்துடுங்க. நான் ஓரமா உட்கார்ந்துக்கறேன்."

அவமானத்தில் அவர் காது சிவந்துவிட்டது. கண்டக்டர் கெட்டிலை அணைத்தார்.  டீ தட்டோடு வந்த மனைவிகூட வாசற்படியிலேயே நின்றுவிட்டாள்.

"அந்தம்மா அப்படி என்னதான் எழுதியிருக்காங்க?" என்று டீச்சர் பேச்சை மாற்றுவதற்காகப் படிக்க ஆரம்பித்தார். "ஐயா, லிஃப்ட்காரர் போனதிலிருந்து என் வீட்டுக்காரர் புதன்கிழமை சாயங்காலம் சிரிப்பதில்லை. வீட்டுக்குள் குறுக்கும் நெடுக்குமாக நடக்கிறார். என்னால் ஒரு வேலையும் செய்ய முடியவில்லை. தயவுசெய்து லிஃப்ட்காரரைத் திருப்பி அனுப்பி வைக்கவும்."

மனைவி தட்டை மேசையில் வைத்துவிட்டு, டீச்சரின் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தாள்.

"போஸ்ட் பண்ணச் சொல்லி என்கிட்ட குடுத்தீங்களேன்னு உங்க பதினாறு பக்கத்தையும் படிச்சேங்க" என்றாள் கணவரிடம். "அது போய்ச் சேர்ந்தா சீரியலையே நிறுத்திடுவாங்கன்னு பயந்துதான், அதைப் போஸ்ட் பண்ணாம, நானே ஒரு கார்டு எழுதிப் போட்டேன்."