டர்போ ஆறட்டும், மாப்பிள்ளை!

என்றென்றும் என் மரியாதைக்குரிய மாப்பிள்ளை அவர்களுக்கு,

உங்கள் மாமனார் மிகுந்த பணிவோடும் கொஞ்சம் இடுப்பு வலியோடும் எழுதிக்கொள்வது. இங்கே நான், உங்கள் அத்தை, உங்கள் மனைவி மூவரும் சுகம். வண்டி சுகமில்லை. போனில் நீங்கள் வண்டியைத்தான் முதலில் விசாரிப்பீர்கள். நான் பழக்கதோஷத்தில் மனிதர்களை முன்னால் எழுதிவிட்டேன், பொறுத்தருள வேண்டும். வெளிநாட்டில் நீங்களும் உங்கள் வேலையும் சௌக்கியம் என்று நம்புகிறேன். இதையெல்லாம் போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் நான் வாயைத் திறந்தாலே, "மாமா, அந்த வண்டிச் சத்தத்த மட்டும் ரெக்கார்டு பண்ணி அனுப்புங்களேன்" என்கிறீர்கள். காகிதத்தில் சத்தம் வராது. அதனால் கடிதம்.

நான் லிஃப்ட் பரிசோதகனாக இருந்து ஓய்வு பெற்றவன் என்பது உங்களுக்குத் தெரியும். லிஃப்ட் மேலே போகும், கீழே வரும், அதைப் பற்றி யாரும் பேச மாட்டார்கள். யாரும் பேசாமல் இருப்பதற்குப் பெயர்தான் நம்பகத்தன்மை என்று நான் இத்தனை காலம் நினைத்திருந்தேன். நீங்கள் கல்யாணத்துக்கு முன்பே வாங்கி வைத்திருந்த அந்தப் பழைய டர்போ ஸ்போர்ட்ஸ் கார் நம் குடும்பத்துக்குள் வந்த பிறகு, நம்பகத்தன்மை என்பது மூன்று வேளையும் சாப்பாட்டு மேஜையில் பேச வேண்டிய விஷயம் என்று தெரிந்துகொண்டேன். "வண்டியோட ரிலையபிலிட்டிய ஏத்தறேன் மாமா" என்று சொல்லிச் சொல்லி, கறுப்பு ரப்பர் குழாய்களை எடுத்துவிட்டு நீலக் குழாய் போட்டீர்கள், நன்றாயிருந்த ரேடியேட்டரைக் கழற்றிவிட்டுக் கதவு மாதிரி ஒன்றை மாட்டினீர்கள், ஆயில் குளிர்விக்கத் தனியாக ஒன்று, ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் விமானம் ஓட்டுவதுபோல மூன்று மீட்டர்கள். இன்று அந்த வண்டியில் பழையதாக மிச்சமிருப்பது நம்பர் பிளேட்டும் நோயும்தான். இதையெல்லாம் முடித்துவிட்டு, "ரெண்டே மாசம், வந்து கூட்டிட்டுப் போயிடறேன்" என்று விமானம் ஏறினீர்கள். வண்டியை எங்கள் ஷெட்டிலும், என் மகளை எங்கள் முன்னறையிலும் நிறுத்திவிட்டுப் போனீர்கள். அந்த இரண்டு மாதம் எந்தக் காலண்டரில் என்று கேட்க எனக்கு உரிமை இல்லை, கேட்கவும் மாட்டேன்.

வாரம் ஒருமுறை ஓட்டச் சொன்னீர்கள், ஓட்டினேன். எஞ்சின் சூடாகும் வரை மிதிக்கக் கூடாது என்றீர்கள், மிதிக்கவில்லை. சைக்கிள்காரர்கள் என்னை முந்திக்கொண்டு போய்த் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். எஞ்சினுக்குக் காற்றை ஊதிக் கொடுக்கிற அந்த டர்போவுக்காக, ஓட்டி முடித்ததும் உடனே அணைக்கக் கூடாது என்றீர்கள். "டர்போ உள்ள நெருப்பா கொதிச்சிட்டிருக்கும் மாமா. சட்டுனு நிறுத்தினா ஆயில் கருகிடும். கொஞ்ச நேரம் சும்மா ஓட விட்டு, டர்போ ஆறட்டும், அப்புறம் சாவியத் திருப்புங்க." இந்த உபதேசத்தை மனதில் வைத்துக்கொண்டு, எனக்கு மேலதிகாரியாக இருந்தவர் காலமான வீட்டுக்கு உங்கள் வண்டியில் போனேன். வாசல் நிறைய ஜனம். வண்டியை ஓரமாக நிறுத்தி, டர்போ ஆறட்டும் என்று உள்ளேயே உட்கார்ந்திருந்தேன். எல்லாரும் என்னையே பார்க்கிறார்கள். "பாவம், இறங்க முடியல அவரால. உடைஞ்சு போயிட்டார்" என்று ஒரு அம்மாள் சொன்னது கண்ணாடி வழியாகக் காதில் விழுந்தது. நான் என்ன சொல்வது, நான் உடையவில்லை அம்மா, டர்போதான் கொதிக்கிறது என்றா? அதற்குள் காலமானவரின் மகன் ஓடி வந்து கதவைத் திறந்து என்னைக் கட்டிக்கொண்டு, "அப்பா உங்களத்தான் கடைசி வரைக்கும் சொல்லிட்டிருந்தார் சார்" என்று அழ ஆரம்பித்தார். வருஷா வருஷம் என் பதவி உயர்வைத் தடுத்து வைத்த மனிதர் கடைசி வரைக்கும் என்னைப் பற்றி என்ன சொல்லியிருப்பார் என்று எனக்குத் தெரியும், ஆனாலும் முதுகைத் தட்டிக் கொடுத்தேன். ஒரு வழியாக எஞ்சினை அணைத்துவிட்டு உள்ளே போய் நின்றேன். யாரோ ஒரு பெரியவர், "எல்லாரும் ஒரு நிமிஷம் மௌனமா நிப்போம்" என்றார். நின்றோம். அந்த மௌனத்தில், சாவி என் சட்டைப் பையில் இருக்கும்போதே, உங்கள் புது ரேடியேட்டரின் மின்விசிறி தானாகக் கிளம்பி ஊவென்று ஊளையிட்டது. அந்த மனிதரை உயிரோடு இருக்கும்போது மனசுக்குள் நான் திட்டாத நாள் கிடையாது மாப்பிள்ளை, ஆனால் செத்த பிறகு வாசலில் ஆள் வைத்து ஊளையிடும் அளவுக்கு நான் போனதில்லை. வீட்டுக்கு வந்து உங்களுக்குப் போன் செய்தால், "ஃபேன் தானா ஓடிச்சா? சூப்பர் மாமா, அப்ப சென்சார் நல்லா வேல செய்யுது!" என்று குதிக்கிறீர்கள்.

இதுவாவது என் மானம் மட்டும் போனது. போன வாரம் நடந்ததுதான் இந்தக் கடிதத்துக்குக் காரணம். உங்களோடு கிளம்பப் போகிறோமே என்று என் மகள் தன் வேலையை விட்டாள் அல்லவா, அவள் காத்திருந்து காத்திருந்து, ஒரு ஆஸ்பத்திரியில் கருவிகளைப் பழுது பார்க்கிற வேலைக்கு எழுதிப் போட்டிருந்தாள். நேர்காணலுக்குக் கூப்பிட்டார்கள். கிளம்புகிற நேரத்தில் வாடகைக் கார்க்காரன் வரமாட்டேன் என்றுவிட்டான். வேறு வழியில்லாமல் உங்கள் வண்டியை எடுத்தோம். மேம்பாலத்தின் உச்சியில் வண்டி இருமியது, குலுங்கியது, படுத்துவிட்டது. பின்னால் லாரிகள் வரிசை கட்டி ஹாரன் அடிக்கின்றன. நான் கையைப் பிசைந்துகொண்டு நிற்கிறேன். இவள் இஸ்திரி போட்ட உடையோடு இறங்கி பானெட்டைத் தூக்கினாள்.

"அப்பா, மறுபடி ஸ்டார்ட் பண்ணுங்க. பண்ணிட்டுப் பேசாம இருங்க."

"நான் எங்கம்மா பேசறேன்?"

"இப்ப பேசறீங்களே. உஸ்ஸுனு கேக்குதா?"

எனக்கு லாரிக்காரன் என் பரம்பரையை விசாரிப்பதுதான் கேட்டது. அவள் கையை விட்டு ஒரு மெல்லிய குழாயைப் பிடித்திழுத்தாள். காற்றழுத்தம் சரியாக இருக்கிறதா என்று காட்டுவதற்காக நீங்கள் மாட்டிய மீட்டருக்குப் போகிற குழாய். அது நடுவில் வாயைப் பிளந்துகொண்டு, எஞ்சினுக்குப் போக வேண்டிய காற்றின் கணக்கையெல்லாம் கெடுத்துக்கொண்டிருந்தது. வண்டிக்கு நோய் வராமல் காவல் காக்க நீங்கள் வைத்த ஆள்தான் நோயே! அவள் அதைப் பிடுங்கி எறிந்துவிட்டு, கைப்பையிலிருந்த கண்மைப் பென்சிலை உடைத்து அது மாட்டியிருந்த ஓட்டையில் செருகி, தலைமுடி ரப்பரால் இறுக்கிக் கட்டினாள். வண்டி பூனைக்குட்டி மாதிரி கிளம்பியது. கை முழுக்கக் கரியோடு நேர்காணலுக்குப் போனாள். கையைப் பார்த்து அவர்கள் கேட்டார்கள், நடந்ததைச் சொன்னாள், வேலை கிடைத்துவிட்டது.

அன்று சாயங்காலம் அவள் உங்களுக்குப் போன் செய்தாள். மீட்டர் குழாய் பிளந்து மேம்பாலத்தில் நின்றுபோனதைச் சொன்னாள். நீங்கள் கேட்ட முதல் கேள்வி, "அப்ப பூஸ்ட் மீட்டர் எவ்வளவு காட்டிச்சு?" அவள் போனை மேஜைமேல் வைத்துவிட்டுக் கை கழுவப் போனாள். அதற்குப் பிறகு உங்களோடு அவள் பேசவில்லை. நீங்கள் அதைக் கவனித்தீர்களா என்று எனக்குத் தெரியாது, ஏனென்றால் மறுநாள் நீங்கள் என்னைக் கூப்பிட்டு அந்தக் குழாயின் விட்டத்தை அளந்து சொல்லச் சொன்னீர்கள்.

மாப்பிள்ளை, பழைய வண்டிக்கு எது தேய்கிறது, எது கசிகிறது, எது சூடாகிறது என்று பார்த்துப் பார்த்துச் செய்கிறீர்களே, அதில் கால்வாசி கவனம் உயிருள்ள ஒரு ஜீவனுக்குப் போயிருந்தால் நான் பேனாவையே எடுத்திருக்க மாட்டேன். ஆகவே என் முடிவான வேண்டுகோள் இதுதான்: அந்த வண்டியை உடனே யாருக்காவது விற்றுவிடுங்கள், சும்மா கொடுத்தாலும் சரி. அடுத்த விமானத்தைப் பிடித்து வந்து, என் மகளிடம் முகம் பார்த்துப் பேசி, அவளைக் கூட்டிக்கொண்டு போய்க் குடும்பம் நடத்துங்கள். இதில் ஓர் எழுத்தைக்கூட மாற்றுவதாக இல்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்ளவும். நேரத்துக்குச் சாப்பிடவும். எல்லா நலமும் பெற்று நீடூழி வாழ, கோபம் தணியாத நிலையிலும் மனதார வாழ்த்தும்,
உங்கள் மாமனார்.

பின்குறிப்பு: நேற்று கடிதத்தை உறையில் போடுமுன் ஷெட்டில் சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தேன். நான் இதை எழுதிக்கொண்டிருந்த நேரத்தில் தாயும் மகளும் சேர்ந்து மீட்டர்கள் மூன்றையும், கதவு ரேடியேட்டரையும் கழற்றிவிட்டு, நீங்கள் அட்டைப் பெட்டியில் தூக்கிப் போட்டிருந்த பழைய சாமான்களைத் துடைத்து மாட்டியிருக்கிறார்கள். சாவியைத் திருப்பினால் வண்டி லிஃப்ட் மாதிரி ஓடுகிறது. பேசுவதற்கு அதில் ஒன்றுமே இல்லை. கடிதத்தை வாசித்துக் காட்டினேன். மகள், "வண்டிய விக்க வேண்டாம்னு எழுதுங்கப்பா, நான் வேலைக்குப் போகணும்" என்றாள். "அவர?" என்று கேட்டேன். "அவருக்கென்ன அவசரம், மெதுவா ஆறட்டும்" என்றாள். எனவே மேலே எழுதிய எல்லாவற்றையும் இதனால் வாபஸ் வாங்குகிறேன். அப்படியும் வருவதானால் தாராளமாக வாருங்கள், ஆனால் விமான நிலையத்திலிருந்து பஸ் பிடித்துக்கொள்ளவும். வண்டியில் இரண்டே சீட், ஒன்றில் உங்கள் மனைவி, இன்னொன்றில் உங்கள் அத்தை; கடிதத்தைப் போடத் தபால் பெட்டி வரைக்கும் போகிறோம் என்று இன்று காலையில் கிளம்பியவர்கள் இன்னும் திரும்பவில்லை. கடிதம் என் கையிலேயே இருக்கிறது.