முள்ளம்பன்றிக்குள் ஒரு தாய்

சீஸ் மெஷின் மூன்றாவது முறையாக விக்கியது. மஞ்சளாக ஒரு சொட்டு விழுந்தது. அதோடு நின்றுபோனது.

ஜன்னலுக்கு வெளியே இருபது பேர் சோளச் சிப்ஸ் தட்டை நீட்டிக்கொண்டு வரிசையில் நின்றார்கள். மார்லா கெஸ்லர் மெஷினின் மண்டையில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினாள். அவள் முதுகுக்குப் பின்னால், சுவருக்கு அந்தப் பக்கம், மைதானத்தில் ஆயிரம் பேர் "ஓ" என்று கத்தினார்கள். எதற்குக் கத்துகிறார்கள் என்று அவளுக்குத் தெரியவில்லை. தின்பண்டக் கடையைக் கட்டிய புண்ணியவான் ஜன்னலைக் கார் நிறுத்துமிடத்தைப் பார்த்து வைத்திருந்தான்.

"என்ன ஆச்சு அங்க? நம்ம பசங்க ஓடினாங்களா?"

"நல்லாவே ஓடினாங்க," என்றார் பக்கவாட்டுக் கதவில் சாய்ந்து நின்ற எல்பர்ட் நன்லி. "பந்து எதிரணி கையில இருந்துச்சு. நம்மாளுங்க பின்னாடியே துரத்திட்டு ஓடினாங்க. ஒரு சாசேஜ் குடும்மா."

எல்பர்ட் சங்கிலிக்காரர். அமெரிக்கக் கால்பந்தில் பந்து எவ்வளவு தூரம் முன்னேறியது என்று அளக்கிற பத்து கஜச் சங்கிலியின் ஒரு முனைக் கம்பைப் பிடித்துக்கொண்டு கோட்டோரம் நிற்க வேண்டும். பந்து முன்னேறினால் தானும் முன்னேற வேண்டும். ஹாலோ க்ரீக் பள்ளி அணியான முள்ளம்பன்றிகளின் பந்து அதிகம் முன்னேறுவதில்லை என்பதால் அவருக்குச் சாசேஜ் தின்ன நிறைய நேரம் கிடைத்தது.

மார்லாவின் மகன் வெஸ், முப்பத்து நான்காம் எண். இரண்டு வருஷமாக அணியில் இருக்கிறான், அதாவது பெஞ்சில் இருக்கிறான். அவனுடைய சட்டையைத் துவைக்க வேண்டிய அவசியமே மார்லாவுக்கு வந்ததில்லை. இன்று காலை முட்டையைக் கொத்திக்கொண்டே, தட்டைப் பார்த்தபடி, "கோச் இன்னிக்கு என்னை இறக்கறேன்னு சொல்லிட்டார்மா. ரெண்டாவது பாதியில. நீ பாப்பியா?" என்று கேட்டான்.

"என்னடா கேள்வி இது? பாக்காம?" என்று சொல்லிவிட்டாள்.

சொன்ன பிறகுதான் ஞாபகம் வந்தது. ஆகஸ்டில் பெற்றோர் சங்கம் ஒரு படிவம் அனுப்பியிருந்தது. ஒவ்வொரு வீரரின் பெற்றோரும் சேவை செய்வது மகிழ்ச்சிக்குரிய கடமை என்று எழுதி, கீழே ஒன்பது வேலைகளைப் போட்டு, ஒவ்வொன்றுக்கும் ஒரு கட்டம் வைத்திருந்தார்கள். தான் வேலை பார்க்கும் கால்நடை மருத்துவமனையின் வரவேற்பு மேசையில், ஒரு கையால் யாரோ ஒருவருடைய ஆட்டைப் பிடித்துக்கொண்டு, மார்லா அவசரமாகக் கடைசிக் கட்டத்தில் குறி போட்டாள். 'எங்கே தேவையோ அங்கே' என்பது அந்தக் கட்டம். ஆட்டங்கள் நடக்கிற வெள்ளிக்கிழமைகள் அன்றோடு அவள் கையைவிட்டுப் போயின.

சங்கத் தலைவி ஜூனெல் ஹாக்ஸ்டன் உள்ளே வந்தாள். கழுத்தில் விசில், கையில் வேலைப் பட்டியல் அட்டை, நெஞ்சில் 'எல்லாம் பிள்ளைகளுக்காக' என்று எழுதிய பனியன்.

"என்ன கண்ணு, வரிசை நகரவே இல்ல?"

"மெஷின் அடைச்சுக்கிச்சு. ஜூனெல், இடைவேளைக்கு அப்புறம் ஒரு பத்து நிமிஷம் மட்டும் என்னை விடேன். என் பையனை இன்னிக்கு இறக்கறாங்களாம்."

ஜூனெல் அவளைப் பரிதாபமாகப் பார்த்தாள். சாகக் கிடக்கிறவரைப் பார்க்கும் பார்வை அது.

"எல்லாருக்கும் ஆசைதான் கண்ணு. பதினோரு வருஷமா நான் ஒரு ஆட்டம் விட்டதில்ல. ஒரு தடவை உக்காந்து பாத்திருப்பேன்னு நெனக்கறியா? பிள்ளைங்களுக்காகன்னு வந்துட்டா நம்ம சுகத்தைப் பாக்கக் கூடாது."

மார்லாவுக்கு முகம் சிவந்துவிட்டது. இரண்டே மாதத்தில் அலுத்துக்கொள்கிற தான் எங்கே, இந்தத் தியாகி எங்கே.

"இல்ல, சும்மா கேட்டேன். முதல்ல இதைச் சரி பண்ணிடறேன்."

சரி செய்தாள். குழாயின் பின்பக்கம் கொதிக்கிற தண்ணீரை ஊற்றி, ஒரு கரண்டிக் காம்பை விட்டு ஆட்டினாள். உள்ளே ஏதோ விடுபட்ட சத்தம் கேட்டது. சீஸ் வந்தது. ஒரு தட்டு நிறைந்தது, அடுத்த தட்டு நிறைந்தது, மார்லா பொத்தானை அணைத்தாள். சீஸுக்கு அது தெரியவில்லை. அவள் கையால் பொத்தினாள்; சூடு தாங்காமல் கையை எடுத்தாள். பன்ரொட்டிகளை அடைத்தாள், பன்ரொட்டிகள் ஜன்னல் வழியாகப் பறந்து வரிசையில் முதலில் நின்றவரின் தொப்பியில் போய் ஒட்டிக்கொண்டன.

"எல்லாரும் வந்து பிடிச்சுக்கோங்க! இலவசம்!" என்று கத்தினாள்.

அந்த ஒரு சொல்லில் வரிசை கலைந்தது. இருபது பேர் எண்பது பேரானார்கள். அணியின் சின்னமான முள்ளம்பன்றி வேஷம் கட்டிய டெஸ் என்ற பெண்கூடத் தலையைக் கழற்றி அக்குளில் இடுக்கிக்கொண்டு ஓடி வந்து மூன்று தட்டு வாங்கித் தின்றாள்.

கடைசியில் எல்பர்ட்தான் நிதானமாகக் குனிந்து பிளக்கைப் பிடுங்கினார்.

ஜூனெல் சீஸ் குளத்தில் நின்றபடி அட்டையில் எதையோ அடித்தாள். எதையோ எழுதினாள்.

"உனக்கு வெளிக்காத்து வேணும் கண்ணு. கார் நிறுத்தற இடத்துக்குப் போ."

மைதானத்திலிருந்து அது இன்னும் ஐம்பது கஜம் தள்ளி இருந்தது.

ஆரஞ்சு மேல்சட்டையும் ஒளிரும் கோலுமாக மார்லா வேலியோரம் நின்றாள். இங்கிருந்து பார்த்தால் விளக்குக் கம்பங்களும், ஆட்களின் முதுகுகளும் தெரிந்தன. முதல் பாதி முடியப் போகிறது. அப்போது தாமதமாக வந்த ஒரு சிவப்பு டிரக் அவள் அருகில் நின்றது. கண்ணாடியை இறக்கி ஒரு பெரிய தொப்பி எட்டிப் பார்த்தது.

"எங்கம்மா நிறுத்தறது? எல்லாம் ரொம்பிக் கெடக்கே."

மார்லா சுற்றிப் பார்த்தாள். வேலியில் ஒரு இடைவெளி இருந்தது. ஒரு டிரக் கச்சிதமாக நிற்கிற அளவுக்கு அகலம். அதன் வழியே மைதானம் பளிச்சென்று தெரிந்தது. அவள் மூளை வேலை செய்தது.

"இதுல நிறுத்திக்கோங்க. ஆனா உங்க டிரக்குக்குப் பின்னாடி நான் ஏறி நின்னுக்குவேன்."

"தாராளமா நில்லு. மாட்டுத் தீவன மூட்டை இருக்கு, பாத்து மிதி," என்று சொல்லிவிட்டு, வண்டியைப் பூட்டிச் சாவியைப் பையில் போட்டுக்கொண்டு, அந்தத் தொப்பி கூட்டத்தில் மறைந்தது.

மார்லா மூட்டை மேல் ஏறி நின்றாள். மைதானம் முழுக்கத் தெரிந்தது. பெஞ்சின் ஓரத்தில் முப்பத்து நான்கு என்ற எண்ணும், அதற்கு மேலே அவள் காலையில் வாரிவிட்ட பின்னந்தலையும் தெரிந்தன. அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. தன்னுடைய சாமர்த்தியத்தைத் தானே மெச்சிக்கொண்டாள்.

பின்னாலிருந்து மேளச் சத்தம் வந்தது. மேளங்கள் நெருங்கி வந்து, டிரக்குக்கு அருகில் ஒவ்வொன்றாக ஓய்ந்தன.

எழுபது பேர் கொண்ட பள்ளி வாத்தியக் குழு, தலையில் இறகு வைத்த தொப்பியோடு அவளை அண்ணாந்து பார்த்தது. வேலியில் இருந்தது சந்து இல்லை, அவர்கள் உள்ளே போகிற வாசல் என்பது மார்லாவுக்கு அப்போதுதான் விளங்கியது.

"வண்டியை எடுங்க மேடம். இடைவேளைக்கு நாங்க வாசிக்கணும்," என்றார் குழுத் தலைவர்.

"சாவி என்கிட்ட இல்லையே! சுத்திப் போக முடியாதா?"

"சுத்திப் போனா இடைவேளை முடிஞ்சுடும்."

"அப்ப ஏறி வாங்க! இப்படி ஏறி அப்படி இறங்குங்க, நான் கை குடுக்கறேன்!"

ஏறினார்கள். புல்லாங்குழல்கள் சுலபமாகப் போயின. பிறகு பெரிய ஊதுகுழல்கள் வந்தன. பெரிய மேளம் வந்தபோது ஒரு மூட்டை கிழிந்தது, இன்னொரு மூட்டை அதைப் பார்த்துத் தானும் கிழிந்தது. வாத்தியக் குழு மைதானத்துக்குள் போனபோது இடைவேளையில் மூன்று நிமிஷம்தான் பாக்கி இருந்தது. ஊதுகுழல்களிலிருந்து சங்கீதத்துக்கு முன்னால் தீவனம் வந்தது.

அதைப் பார்த்தபடியே ஜூனெல் வேலி ஓரமாக நடந்து வந்தாள். மார்லா இறங்கி, தலையில் ஒட்டிய தவிட்டைத் தட்டிவிட்டுக்கொண்டு, வாங்கிக்கட்டிக்கொள்ளத் தயாரானாள்.

"முள்ளம்பன்றி படுத்துடுச்சு," என்றாள் ஜூனெல்.

"என்னது?"

"டெஸ். மூணு தட்டு சீஸைத் தின்னுட்டு மருந்துக் கூடாரத்துல வாந்தி எடுத்துட்டுக் கெடக்கா. சின்னம் இல்லாம நம்ம அணி இதுவரைக்கும் ஆடினதே கிடையாது. யாரைப் போடறதுன்னே..."

"முள்ளம்பன்றி எங்க நிக்கும்?"

"எங்க நிக்கும்? கோட்டோரம், பசங்க பக்கத்துல."

"நான் போட்டுக்கறேன்!"

ஜூனெலின் முகம் மலர்ந்தது. "பாத்தியா, இவதாண்டி அம்மா!" என்று யாரும் இல்லாத திசையைப் பார்த்துச் சொன்னாள்.

வேஷத்துக்குள் டெஸ்ஸின் மதியச் சாப்பாட்டிலிருந்து மூன்றாவது தட்டு வரை எல்லாம் மணத்தது. மார்லா மூச்சைப் பிடித்துக்கொண்டு தலையை மாட்டினாள். மாட்டிய பிறகுதான் முள்ளம்பன்றியின் கண்கள் வெறும் பெயின்ட் என்பதைக் கண்டுபிடித்தாள். பார்க்க இருந்த ஒரே வழி, வாய். அது கீழ்நோக்கித் திறந்திருந்தது. அதன் வழியாக நான்கடி புல்வெளியும், எப்போதாவது கடந்துபோகிற ஷூக்களும் தெரிந்தன.

தலையைப் பின்னால் சாய்த்துப் பார்த்தாள். முதுகில் இருந்த முட்கள் அதைத் தடுத்தன. தலையைத் திருகினாள். தலை திரும்பியது, வாய் அவள் காதுக்குப் போனது, முழு இருட்டு. மறுபடி திருகி வாயை வாய்க்குக் கொண்டுவந்தாள். அவள் பிரசவ வேதனை வந்தவளைப் போலத் திருகிக்கொண்டதை நடனம் என்று நினைத்துக் கூட்டம் கைதட்டியது.

அப்போதுதான் ஒலிபெருக்கி சொன்னது: "ஹாலோ க்ரீக் அணிக்காக இப்போது இறங்குகிறார், எண் முப்பத்து நான்கு, வெஸ் கெஸ்லர்!"

"என் பையன்!" என்று முள்ளம்பன்றிக்குள்ளிருந்து கத்தினாள். வெளியே அது ஏதோ ஏப்பம் போலக் கேட்டது.

நாற்பத்தொன்று, பூஜ்யம் என்று தோற்றுக்கொண்டிருந்தார்கள். அந்தப் பருவம் முழுக்க அணி ஒரு புள்ளிகூட எடுத்ததில்லை. எதிரணிக்காரர்கள் ஏற்கெனவே தங்கள் நல்ல ஆட்களை உட்கார வைத்துவிட்டார்கள். விசில் ஊதியது. தோளும் தோளும் மோதுகிற சத்தம். அப்புறம் கூட்டம் எழுப்பிய ஓசை மார்லா இதுவரை கேட்காத ஓசை. ஆயிரம் பேர் ஒரே சமயத்தில் நம்ப முடியாமல் எழுந்து நின்றால் வருகிற ஓசை.

"ஓடறான்! கெஸ்லர் ஓடறான்! யாருமே இல்ல எதிர்ல!"

எங்கே ஓடுகிறான்? எந்தப் பக்கம்? மார்லா ஓசை வந்த பக்கம் ஓடினாள். புல் ஓடியது. வெள்ளைக் கோடு ஒன்று வந்தது, போனது. கோட்டுக்கு அந்தப் பக்கம் போகக் கூடாது என்று அவளுக்கு ஒருவரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் நின்றிருக்க மாட்டாள். வாயின் விளிம்பில் திடீரென்று இரண்டு ஷூக்கள் தெரிந்தன. இடது ஷூவின் முனையில் வெள்ளி நிற டேப் சுற்றியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை அவள் சுற்றிவிட்டது.

"வெஸ்!"

நாற்பது கஜத்தை ஒருவர் கையிலும் சிக்காமல் ஓடிவந்த வெஸ், இலக்குக் கோட்டுக்கு மூன்று கஜம் முன்னால், ஆறடி உயர முள்ளம்பன்றியின் வயிற்றில் மோதி விழுந்தான்.

ஆயிரம் பேரும் தலையில் கை வைத்துக்கொண்டார்கள். பிறகு எதிரணியினர் பக்கத்திலிருந்து சிரிப்பு கிளம்பியது. வந்து பார்த்த நடுவர் சட்டப் புத்தகத்தை எடுத்துப் புரட்டினார், மூடினார், விழுந்த இடத்திலேயே ஆட்டம் நின்றதாகக் கையைக் காட்டினார். எல்பர்ட் சங்கிலியைத் தூக்கிக்கொண்டு அன்று முதல் தடவையாக முன்னால் ஓடி வந்தார்.

வெஸ் முட்டிபோட்டு எழுந்து முள்ளம்பன்றியின் வாய்க்குள் பார்த்தான்.

"அம்மா?"

"ஆமாடா."

"நீ எதுக்கு உள்ள இருக்க?"

"உன்னைப் பக்கத்துல நின்னு பாக்கலாம்னு."

அவனுக்கு மூச்சு வாங்கியது. கன்னத்தில் புல். "நாப்பது கஜம்மா. நாப்பது கஜம் ஓடினேன். பாத்தியா?"

மார்லா பொய் சொல்லியிருக்கலாம். முள்ளம்பன்றித் தலைக்குள் வேர்வையும் கண்ணீரும் கலந்து உதட்டில் உப்புக் கரித்தது.

"ஷூவைப் பாத்தேண்டா," என்றாள். "கடைசி ரெண்டு அடி."

வெஸ் அவள் முள்ளைப் பிடித்துத் தூக்கி நிறுத்திவிட்டு, நொண்டிக்கொண்டே போனான். ஆட்டம் மறுபடி தொடங்கியதுமே அவன் தோழன் பந்தை நழுவவிட்டான். நாற்பத்தொன்று, பூஜ்யம் என்றே எல்லாம் முடிந்தது.

கூட்டம் கலைந்த பிறகு மார்லா கோட்டோரம் முள்ளம்பன்றித் தலையைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் உட்கார்ந்திருந்தாள். எல்பர்ட் பக்கத்தில் சங்கிலியைச் சுருட்டிக்கொண்டிருந்தார். ஜூனெல் அட்டையோடு வந்தாள்.

"போனது போகட்டும் கண்ணு. அடுத்த வெள்ளி வெளியூர் ஆட்டம். பஸ்ல நூறு ஆரஞ்சு நறுக்கணும். நாலு மணிக்கு வந்துடறியா?"

மாட்டேன் என்று சொல்லத்தான் மார்லா வாயைத் திறந்தாள். எதிரில் ஜூனெலின் வேர்த்த முகம், சீஸ் காய்ந்த ஷூ, 'எல்லாம் பிள்ளைகளுக்காக'.

"வந்துடறேன்," என்றாள்.

ஜூனெல் குறித்துக்கொண்டு போய்விட்டாள். மார்லா மூக்கை உறிஞ்சினாள்.

"உங்களையெல்லாம் பாத்தா எனக்கு வெக்கமா இருக்கு எல்பர்ட். ஒரே ஒரு தடவை என் பிள்ளை ஓடறதைப் பாக்கணும்னு எத்தனை குளறுபடி பண்ணிட்டேன்! நீங்கல்லாம் பெத்த பிள்ளைங்களுக்காக வாய் திறக்காம உழைக்கறீங்க. உங்க பையன் எந்த நம்பர்?"

எல்பர்ட் சங்கிலியைக் கீழே வைத்துவிட்டு அவளை வினோதமாகப் பார்த்தார்.

"எனக்குக் கல்யாணமே ஆகலம்மா, ஒன்பது வருஷம் முன்னாடி தண்ணி மீட்டர் பாக்க வந்த என் கையில ஜூனெல் இந்தக் கம்பைத் திணிச்சா, அவ பையனுக்கே இப்ப ரெண்டு குழந்தைங்க, ஆடற பிள்ளைங்களைப் பெத்தவங்க அத்தனை பேரும் மேல பார்வையாளர் படியில உக்காந்து ஆட்டம் பாக்கறாங்களே, உனக்கு யாரும் சொல்லலையா?"