பத்தாவது ஊசி

என் பெண்டாட்டிக்குப் போட வேண்டிய கொரோனா ஊசியைத் தன் கையில் போட்டுக்கொண்டு போனவர் என் சம்பந்தி தங்கப்பாண்டி. சுற்றி வளைத்துச் சொல்ல எனக்கு வராது. ராசிங்காபுரத்தில் வெற்றிலையை மடித்து வாயில் ஒதுக்கிக்கொண்டு அவர் இதைப் படிப்பார். படிக்கட்டும். புரை ஏறினால் தண்ணீர் குடிக்கட்டும்.

(ஈஸ்வரி, நீ பதறாதே. உன் மாமனாரை ‘அவர், இவர்’ என்றுதான் எழுதியிருக்கிறேன். அதற்கே எனக்குக் கை வலிக்கிறது.)

நான் ஜீப் டிரைவர். போடியிலிருந்து போடிமெட்டு ஏறி, ஏலத்தோட்டத்து வேலைக்குப் பெண்களை விடியற்காலையில் கொண்டுபோய் விட்டு, சாயங்காலம் திரும்ப இறக்கிய ஆள். முழங்கால் போன பிறகு மலை ஏறுவதை விட்டுவிட்டேன். ஜீப்பை மட்டும் விற்க மனசு வரவில்லை. என் மனைவி பஞ்சவர்ணம் அதே மலையில் காய் ஸ்டோரில் வேலை பார்த்தவள். பச்சை ஏலக்காயை அறைக்குள் பரப்பி, விறகு எரித்துச் சூடேற்றிக் காயவைக்கும் இடம் அது. வாசனையை ஊருக்கெல்லாம் அனுப்பிவிட்டுப் புகையை அவள் நெஞ்சுக்குள் வைத்துக்கொண்டாள். ஐம்பது வயதிலேயே இழுப்பு வந்துவிட்டது.

கொரோனா இரண்டாவது தடவை வந்து ஊரைப் புரட்டியபோது அவளையும் பிடித்தது. மூக்கில் ஆக்சிஜன் குழாயோடு அவள் ஆஸ்பத்திரிக்குள் கிடந்தாள். நான் வெளியே ஜீப்புக்குள் கிடந்தேன். வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். “இந்த நுரையீரல் இன்னொரு தடவை தாங்காதுங்க. ஊசியை மட்டும் விட்டுராதீங்க” என்றார். இதுதான் விஷயம். இந்தக் கட்டுரையில் மற்றதெல்லாம் கூத்து.

இரண்டு ஊசி போட்டுக்கொண்டாள். இரண்டாவது ஊசிக்குக் கை வீங்கிக் காய்ச்சலில் புரண்டாள். அதனால் மூன்றாவதாகப் பூஸ்டர் என்று ஒன்று வந்திருக்கிறது என்றதும் என்னை முறைத்தாள், அதை நானே காய்ச்சி வடித்த மாதிரி.

“எத்தனை ஊசிய்யா போடுவாங்க? வெறிநாய் கடிச்சாக்கூட ஒரு கணக்கு இருக்கு.”

“டாக்டர் சொன்னாருல்ல?”

“டாக்டரு சொன்னாரு. சம்பந்தி அண்ணன் வேற மாதிரி சொல்றாரே.”

சம்பந்தி அண்ணன். அவர் எங்கள் வீட்டுக்கு வரும்போதெல்லாம் கையில் பழத்தோடு வருவாரோ இல்லையோ, வாயில் ஒரு சாவோடு வருவார். “தேவாரத்துல ஒருத்தன், மச்சான். ஊசி போட்டான், வீட்டுக்கு வந்தான், மோர் கேட்டான். மோரைக் கொண்டாறதுக்குள்ள ஆள் இல்ல.” அடுத்த தடவை வரும்போது அதே ஆள் சின்னமனூரில் செத்திருந்தான். மோருக்குப் பதில் காப்பி கேட்டிருந்தான். இழுப்புக்காரியை எதிரே உட்கார வைத்துக்கொண்டு இதைச் சொல்லிவிட்டு, “எனக்கென்ன, மனசுல பட்டதச் சொன்னேன்” என்று துண்டை உதறிக்கொண்டு போய்விடுவார். அன்றைக்குப் பூராவும் அவள் தன் நாடியைத் தானே பிடித்துப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

என் லட்சணத்தையும் சொல்லிவிடுகிறேன். கடைசியாக யார் பேசினார்களோ அவர்கள் கட்சி நான். காலையில் மருந்துக் கடைக்காரர் பேசினால் ஊசி தெய்வம். மத்தியானம் சம்பந்தி பேசினால் ஊசி எமன். சாயங்காலம் செல்போனில் எவனாவது வெள்ளைக் கோட்டு மாட்டிக்கொண்டு பேசினால், அவன் எந்தப் பக்கமோ அந்தப் பக்கம். பிரேக்கையும் ஆக்சிலேட்டரையும் ஒன்றாக மிதிக்காதே என்று எத்தனையோ பையன்களைத் திட்டியவன், வீட்டில் மாதக்கணக்காக அதைத்தான் செய்தேன். வண்டி நகரவில்லை. புகை மட்டும் வந்தது.

கடைசியில் முடிவு எடுத்தவள் அவள்தான். ஈஸ்வரியின் மகளுக்குக் காதுகுத்து வைத்திருந்தார்கள். “அம்மாச்சின்னு நான் முன்னால நிக்க வேணாமா? அத்தனை கூட்டத்துல பயந்துக்கிட்டு ஒதுங்கி நிக்க மாட்டேன். போட்டுர்றேன். நீ வெரசா ஏற்பாடு பண்ணு” என்றாள்.

சுகாதார நிலையத்தில் இருந்த சிஸ்டர் நல்ல பெண். குறை சொல்ல மாட்டேன். “அண்ணே, ஒரு பாட்டில்ல பத்துப் பேருக்கு மருந்து. தொறந்தா அன்னைக்கே தீத்துரணும், மிச்சம் வச்சா கீழ கொட்டணும். இப்ப யாருமே வர்றதில்ல. ஒரு ஆளுக்காகத் தொறக்க முடியாதுண்ணே. பத்துப் பேர் சேந்தா வாங்க” என்றாள்.

எனக்கா சொல்ல வேண்டும்? ஆள் நிறையாமல் ஸ்டாண்டை விட்டு வண்டி எடுத்ததே கிடையாது. ‘ஒரு லோடு ஆள் வேணும், அவ்வளவுதானே’ என்று சொல்லிவிட்டு, மறுநாளே பஞ்சவர்ணத்தை முன்சீட்டில் உட்கார வைத்துக்கொண்டு குரங்கணிக்கு விட்டேன். அங்கே என் ஜீப்பில் காலமெல்லாம் ஏறி இறங்கிய பெரிசுகள் உண்டு. கெஞ்சினேன், மிரட்டினேன், திரும்பக் கொண்டுவந்து வீட்டு வாசலில் விடுவதாகச் சத்தியம் செய்தேன். எட்டுப் பேர் ஏறினார்கள். அவள் ஒன்பது, நான் பத்து. அச்சடித்த மாதிரி பத்து. வாழ்க்கையில் முதல்முறையாக என் ஜீப் சட்டப்படி ஆள் ஏற்றிக்கொண்டு போவதுபோல எனக்குத் தோன்றியது. (சட்டப்படி பார்த்தால் அதுவும் அதிகம்தான். அதை விடுங்கள்.)

முந்தலில் ரோட்டோரம் ஒரு வெள்ளை வேட்டி கையைக் காட்டியது. மாந்தோப்பு ஒன்றைப் பார்த்துவிட்டுப் பஸ்சுக்கு நின்றுகொண்டிருந்த என் சம்பந்தி.

“பஸ்சக் காணோம் மச்சான். போடியில எறக்கி விட்டுருங்க.”

மாப்பிள்ளையைப் பெற்றவரை ரோட்டில் விட்டுவிட்டுப் போக முடியுமா? நான் நிறுத்துவதற்கு முன்பே பஞ்சவர்ணம் முன்சீட்டிலிருந்து இறங்கிவிட்டாள். “வாங்கண்ணே, முன்னால உக்காருங்க” என்று சொல்லிவிட்டு, பின்னால் போய்ப் பெரிசுகளுக்கு நடுவே நுழைந்துகொண்டாள். அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

எங்கே போகிறோம் என்று கேட்டார். சொன்னேன். மெதுவாகத் திரும்பி, பின்னால் இருந்த ஒவ்வொரு முகத்தையும் பார்த்தார்.

“எல்லாரும் வீட்டுல சொல்லிட்டுத்தான வந்தீங்க?”

அவ்வளவுதான். பின்னாலிருந்து காமுத்தாய்க் கிழவி என் தோளைப் பிடித்து உலுக்கியது. “நிப்பாட்டு அப்பு, நான் எறங்கணும். ஆட்டுக்குத் தண்ணி வைக்கல.” இன்னொருவருக்குத் திடீரென்று ரேஷன் ஞாபகம் வந்தது. நான் நிறுத்தவே இல்லை. சுகாதார நிலையத்து வாசலில்தான் பிரேக்கைத் தொட்டேன்.

இறங்கியதும் பெரிசுகள் ஒரு தீர்மானம் போட்டார்கள். அதை அறிவித்ததும் காமுத்தாய்தான். “நீ மொதல்ல போட்டுக்க. நீ செத்த நேரம் உசுரோட நடமாடு. பாத்துட்டு நாங்க போடுறோம்.” எனவே முதல் ஊசி எனக்கு. போட்டுக்கொண்டு, உயிர் இருக்கிறது என்று காட்டுவதற்காக வராந்தாவில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்குமாக நடந்தேன். முழங்கால் வலியில் ஒருதரம் தடுமாறியபோது இரண்டு பேர் செருப்பைத் தேடினார்கள். சம்பந்தி காற்றாடிக்குக் கீழே நாற்காலி போட்டு உட்கார்ந்து, போகாமல் வேடிக்கை பார்த்தார். போடி வந்து எவ்வளவோ நேரமாகியிருந்தது.

ஒருவழியாக எட்டுப் பெரிசுகளும் போட்டுக்கொண்டார்கள். பஞ்சவர்ணம் கடைசி. நம் வண்டியில் வந்தவர்களை முதலில் அனுப்புவதுதான் மரியாதை என்று அவளாகவே கடைசியில் நின்றாள். சிஸ்டர், “அடுத்து வாங்கம்மா” என்றாள். இவள் எழுந்தாள். எழுந்தவள், தாண்டிப் போகும்போது நாற்காலியில் இருந்த சம்பந்தியைப் பார்த்தாள்.

இங்கே எங்கள் ஊர்ப் பழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது யார் வந்தாலும் “வாங்க, சாப்பிடலாம்” என்போம். வந்தவர் “இப்பத்தான் ஆச்சு” என்பார். பானையில் சோறு இருக்கிறதா என்று நாங்களும் பார்ப்பதில்லை, வயிற்றில் பசி இருக்கிறதா என்று அவரும் சொல்வதில்லை. நாம் கொடுப்பதும் அவர் மறுப்பதும் சேர்ந்தால்தான் அது உபசாரம். அதுவும் சம்பந்தி என்றால், பந்தியோ பாயோ, அவருக்குக் காட்டாமல் நாம் தொடக்கூடாது.

அந்தப் பழக்கம் என் பெண்டாட்டியின் வாயிலிருந்து தானாக வந்து விழுந்தது. “நீங்க போட்டுக்கங்கண்ணே.”

சொன்ன மறு நொடியே அவள் முகம் செத்துப்போனதை நான் பார்த்தேன். ஆனாலும் எனக்குப் பயமில்லை. இரண்டு வருஷமாக ஊசியைச் சாபம் விட்ட மனுஷன்தானே, எழுந்து ஓடப்போகிறார் என்று நினைத்தேன்.

சம்பந்தி எழுந்தார். ஓடவில்லை. “நீ இம்புட்டுத் தூரம் சொல்றப்ப எப்பிடித்தா வேணாம்கிறது?” என்று சொல்லிக்கொண்டே சட்டைக் கையைச் சுருட்டினார்.

எனக்கு ஒரு நம்பிக்கை மிச்சமிருந்தது. முதல் இரண்டு ஊசி போடாதவருக்குப் பூஸ்டர் கிடையாது. சிஸ்டரும் சரியாக அதைத்தான் கேட்டாள். “ஐயா, முன்னால ரெண்டும் போட்டாச்சா?”

சம்பந்தி என் பக்கம் பார்க்காமல், தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னார். “போட்டாச்சுத்தா. ரெண்டும் போட்டாச்சு. எங்க ஊர்ல மொத ஆளே நாந்தேன்.”

மோர் கேட்டுச் செத்தவனும் காப்பி கேட்டுச் செத்தவனும் என் கண்ணுக்கு முன்னால் எழுந்து உட்கார்ந்தார்கள். ஆதார் அட்டை வேறு சட்டைப் பையில் தயாராக இருந்தது. மாந்தோப்பு பார்க்க எதற்கு ஐயா ஆதார்?

நான் வாயைத் திறந்தேன். “சம்பந்தி, இது அவளுக்கு” என்று மூன்றே வார்த்தை. தொண்டையில் ஈஸ்வரி வந்து நின்றாள். ஒரு ஊசியைக்கூட விட்டுக்கொடுக்காத குடும்பம் என்று அவள் அந்த வீட்டில் எத்தனை வருஷம் கேட்க வேண்டியிருக்கும்? திறந்த வாயை மூடினேன். ஊசி இறங்கியது. சிஸ்டர் காலி பாட்டிலைத் தூக்கிப் பார்த்து, “பத்தும் முடிஞ்சுச்சு” என்றாள். அடுத்த பாட்டில் வேண்டுமென்றால் இன்னும் ஒன்பது பேர் வேண்டும்.

ஜீப் ஸ்டாண்டுக்கு ஓடினேன். தெரிந்தவன், தெரியாதவன் எல்லாரையும் இழுத்தேன். “எனக்குச் சோலி கெடக்குண்ணே” என்றான் ஒருவன். “டீயும் பஜ்ஜியும் உண்டா?” என்றான் இன்னொருவன். உண்டு என்றேன். தின்றுவிட்டுப் போய்விட்டான். வெறுங்கையோடு திரும்பினால், சுகாதார நிலையம் பூட்டியிருந்தது. பெரிசுகள் ஜீப்பில் வரிசையாக உட்கார்ந்து, கையைத் தேய்த்துக்கொண்டு, வீட்டில் கொண்டுபோய் விடுவதாக நான் செய்த சத்தியத்தை ஞாபகப்படுத்தினார்கள். பஞ்சவர்ணம் முன்சீட்டில் இருந்தாள்.

அதற்குப் பிறகு போனபோதெல்லாம் ஸ்டாக் இல்லை. அப்புறம் இலவச ஊசியையே நிறுத்திவிட்டதாகச் சொன்னார்கள். மதுரையில் தனியார் ஆஸ்பத்திரி ஒன்றில் வந்தால் போன் செய்கிறோம் என்றார்கள். அந்தப் போனுக்காக நான் இன்னும் நம்பரை மாற்றாமல் வைத்திருக்கிறேன்.

காதுகுத்துக்குப் போனாள். மண்டபத்துக்கு வெளியே, புளியமரத்தடியில், ஜீப்புக்குள் முகக்கவசத்தோடு உட்கார்ந்திருந்தாள். கம்மல் போட்ட பிள்ளையைத் தூக்கி வந்து கண்ணாடி வழியாகக் காட்டினார்கள். ஈஸ்வரி அழுதாள். உள்ளே முதல் பந்தியில் சம்பந்தி இருந்தார்.

அந்த மழைக்காலத்தில் அவளுக்குக் கொரோனா மறுபடியும் வந்தது. டாக்டர் சொன்னபடி அவள் போய்விடவில்லை. ஆனால் முழுதாக வீட்டுக்குத் திரும்பவும் இல்லை. இன்றைக்கும் தெருமுனை வரை நடந்தால் நடுவில் உட்கார வேண்டும். ஊசி போட்டிருந்தால் இப்படி ஆகியிருக்காதா என்று கேட்டேன். “உறுதியாச் சொல்ல முடியாது” என்றார் டாக்டர். அந்த உறுதியில்லாததை வைத்துக்கொண்டுதான் நான் தினமும் தூங்கப் போகிறேன்.

பார்க்க வந்தார் சம்பந்தி. ஆரஞ்சுப் பழத்தோடு. கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து, அவள் மூச்சு வாங்குவதைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுச் சொன்னார்: “அன்னைக்கே ஒரு ஊசியப் போட்டிருக்கலாம்ல ஆத்தா. என்னயப் பாரு, ஒண்ணும் அண்டல.”

அவள் சிரித்தாள். சிரித்து, இருமி, மூச்சு திரும்ப வருவதற்குள் நான் செத்துப் பிழைத்தேன். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் இது ஒரு பேச்சாகிவிட்டது. கடைசித் தோசையோ கடைசி வாய்க் காப்பியோ, யாராவது ஒப்புக்கு நீட்டினால் பேத்திகூடச் சொல்கிறது: “போட்டுக்கங்கண்ணே!” எல்லோரும் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள். பஞ்சவர்ணமும் சிரிக்கிறாள், அளந்து.

இப்போது அவளே கேட்கிறாள். “வயசானவங்க இன்னொண்ணு போட்டுக்கணும்னு வெளிநாட்டுல சொல்றாங்களாம்ல? எனக்கு வேணுமா, வேணாமா?” நான் யாரைக் கேட்பேன்? மருந்துக் கடையில் கேட்டால், “கொரோனாவா? அது இன்னும் இருக்கா?” என்று சிரிக்கிறார்கள். சுகாதார நிலையத்தில் மேலே கேட்கச் சொல்கிறார்கள். மேலே என்றால் எனக்குத் தெரிந்தது போடிமெட்டுதான். வேண்டும் என்றும் சொல்ல ஆளில்லை, வேண்டாம் என்றும் சொல்ல ஆளில்லை. முதல் ஊசிக்கு வீடு தேடி வந்து கூப்பிட்டவர்கள், எங்களைப் போன்ற கிழடுகள் இன்னும் மூச்சு விடுகிறோம் என்பதையே மறந்துவிட்டார்கள்.

போன வாரம் ஒரே ஒரு போன் வந்தது. சம்பந்தி. “இன்னொரு பூஸ்டர் வருதாம்ல மச்சான்? ஜீப்பு போட்டா எனக்கும் ஒரு எடம் வைங்க.”

வைக்கிறேன். தை மாதம் ஈஸ்வரியின் மகன், நம் பேரனுக்குக் காதுகுத்து வருகிறது. மண்டபத்தில் மைக்செட் இருக்கும். உங்களைத்தான் முதலில் மேடைக்குக் கூப்பிடுவார்கள். மாலை போட்டதும் மைக்கைக் கையில் வாங்குங்கள், தங்கப்பாண்டி அவர்களே. இரண்டு ஊசியைக் கமுக்கமாகப் போட்டுக்கொண்டு, என் பெண்டாட்டியிடம் ஏன் பிணக்கதை சொன்னீர்கள்? அவள் ஒப்புக்குச் சொன்னபோது, “இல்லத்தா, நீ போட்டுக்க” என்ற ஒரு வார்த்தை உங்கள் வாயில் ஏன் வரவில்லை? இரண்டு வீட்டு ஜனமும் இருக்கும்போது பதில் சொல்லுங்கள். சத்தமாகச் சொல்லுங்கள். பஞ்சவர்ணம் வெளியே ஜீப்பில் இருப்பாள், அவளுக்குக் கேட்க வேண்டும்.