கோணத்தொப்பியாரின் படம்

அந்தத் தபாலை அன்றைக்குப் பிரிக்காமலே இருந்திருக்கலாம். பிரித்ததும் மன்றச் செயலாளர் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார்.

"தங்கள் கடிதம் கிடைத்தது. வெள்ளிக்கிழமை நான்கு மணிக்கு அப்பாவின் பத்தாம் நினைவுக் கூட்டத்துக்கு வருகிறேன். அவர் படம் ஒன்றை இத்துடன் வைத்திருக்கிறேன்" என்று எழுதியிருந்தார் கோணத்தொப்பியாரின் மகள்.

அன்றுதான் வெள்ளிக்கிழமை. படத்தில் இருந்தவருக்கு நீண்ட முகம், ஏறு நெற்றி. மன்றத்துச் சுவரில் கோணத்தொப்பியார் என்று இவர்கள் வருஷா வருஷம் பூ வைத்தவருக்கோ உருண்டை முகம், மோவாயில் குழி.

கோணத்தொப்பியார் பேர்பெற்ற மேடைச் சிரிப்பு நடிகர். ஒட்டுத்தாடியும் வளைந்த தொப்பியும் இல்லாமல் அவரை வெளியில் யாரும் பார்த்ததில்லை. ஆனால் அதைச் சொல்லித் தப்பிக்கிற ஆளா செயலாளர்? அவருடைய நினைவு நாள் நோட்டில் இருநூற்றுப் பதினான்கு தேதிகள். தலைவர்கள், பாடகர்கள், முதல் ரயில் வந்த நாள் உட்பட. பிறந்தது நீல மை, இறந்தது சிவப்பு மை. "நான் ஒருத்தரையும் மறந்ததில்லை" என்பது அவர் வாயிலேயே இருக்கும்.

மன்றத்தைப் பெருக்குகிற அம்மாவைக் கூப்பிட்டார். பதினைந்து வருஷமாக இங்கே பெருக்குகிறவர். அவர் வீட்டில் யார் யார் என்று செயலாளர் கேட்டதில்லை.

"ஏம்மா, இந்தப் படம் எங்கிருந்து வந்தது?"

"முதல் வருஷம் நீங்கதானே சார், ஒரு படம் தேடித் துடைச்சு மாட்டுன்னு சொன்னீங்க?"

"மாட்டினியே, யாருன்னு பார்த்தியா?"

"பார்த்துத்தான் சார் மாட்டினேன்."

அப்போதாவது இன்னொரு கேள்வி கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. பூக்கடைக்குப் போன் போட்டு, முகமே மறைகிற அளவுக்கு ஒரு பூங்கொத்து வரவழைத்தார். அது மூக்கு வரைக்கும்தான் எட்டியது. பூவுக்கு மேலே இரண்டு கண்கள் ஒளிந்து விளையாடும் குழந்தை மாதிரி எட்டிப் பார்த்தன.

தினமும் பேப்பர் படிக்க வருகிற பஸ் டிரைவர் அதைப் பார்த்துவிட்டுத் தொடையில் தட்டிச் சிரித்தார்.

"நடிகன்னா இவன்தான்யா நடிகன்! பூவுக்குள்ளேயிருந்தே சிரிக்க வைக்கிறான் பாருங்க!"

இது ஆகாது என்று செயலாளர் போட்டோ ஸ்டுடியோவுக்கு ஓடினார். மகள் அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டு, மூன்றரை மணிக்கு மூச்சிரைக்க வந்து, பழையதைக் கழற்றிப் பின்னறையில் வைத்துவிட்டு மாட்டினார். கூட்டத்துக்கு வந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள்.

"யாருய்யா இது? பல்வலிக்காரன் மாதிரி?" என்றார் டிரைவர்.

"இவர்தான் கோணத்தொப்பியார்."

"யார்கிட்ட கதை விடறீங்க செயலாளரே? பத்து வருஷமா பார்த்த மூஞ்சி எங்களுக்குத் தெரியாதா? அந்தக் கண்ணுல இருக்கிற குறும்பு இதுல எங்க இருக்கு?"

"மெதுவாப் பேசுங்க, மகள் வர்ற நேரம்."

"வரட்டுமே. அவங்க முன்னாடி வேற ஆளுக்கா பூ வைக்கிறது? நம்ம மானம் என்ன ஆகிறது?"

டிரைவரே பின்னறைக்குப் போய்ப் பழைய படத்தைத் தூக்கி வந்து புதியதன் பக்கத்திலேயே நாற்காலியில் நிறுத்தினார். சரியாக அந்த நேரத்தில் மகள் உள்ளே வந்தார்.

செயலாளர் அவசர அவசரமாக மைக்கைப் பிடித்தார். வழக்கமான பேச்சுதான். "அவர் காலையில் மறைந்தார். அன்று மாலையே இதே இடத்தில் இரங்கல் கூட்டம் நடத்தினோம். ஒரு மணி நேரத்தில் முந்நூறு நாற்காலி போட்டோம்! இந்த மன்றம் யாரையும் மறக்காது..."

மகள் பேச்சைக் கேட்கவில்லை. நாற்காலியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மேலே இருக்கிறது அப்பா. இவர் யாருங்க?"

"அவர்... உங்க அப்பாவோட நாடகக் குழுவில் இருந்தவர்ம்மா."

"குழுவில் மொத்தமே ஒன்பது பேர். எல்லாரும் எங்க வீட்டில் சாப்பிட்டு வளர்ந்தவங்க. இவர் இல்லையே?"

செயலாளர் சுற்றுமுற்றும் பார்த்தார். கதவோரமாகத் தண்ணீர்த் தம்ளர்கள் வைத்த தட்டோடு நின்ற, மன்றத்தைப் பெருக்குகிற அம்மா கண்ணில் பட்டார். தப்பை ஒப்புக்கொண்டு உட்கார்ந்திருக்கலாம். அதையும் செய்யவில்லை.

"எல்லாம் இந்த அம்மா செஞ்ச வேலை! யாரோ வழியில போறவன் படத்தைக் கொண்டாந்து மாட்டி, பத்து வருஷமா எங்க எல்லாரையும் பூ வைக்க வச்சிருக்கு. உனக்கே நல்லா இருக்காம்மா?"

அந்த அம்மா தட்டைக் கீழே வைத்தார். நாற்காலியில் இருந்த படத்தை எடுத்து, முந்தானையால் ஒருமுறை துடைத்தார்.

"வழியில போறவர் இல்ல சார், என் வீட்டுக்காரர். அன்னிக்கு அவருக்கு மூச்சு இழுக்குது, போகணும்னு கேட்டேன். நாற்காலி போட ஆள் இல்லைன்னு நீங்க விடல. முந்நூறையும் போட்டுட்டு நான் போய்ச் சேர்றதுக்குள்ள அவரும் போயிட்டார். ஆள்தான் சார் மாறிப்போச்சு, உங்க நோட்டுல தேதி சரியாத்தான் இருக்கு."