கேசட்டுக்குச் சந்தனப் பொட்டு

நம்மைப் பற்றி நாலு நல்ல வார்த்தை சொல்ல ஒருவரை அனுப்பும்போது, அந்த நாலு வார்த்தை எவை என்று முதலிலேயே கேட்டு வைத்துக்கொள்வது நல்லது. நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால், பெண் வீட்டார் முன்னால் முகமெல்லாம் குங்குமத்தோடு, வழி தவறி வந்த சாமியாடி மாதிரி நின்றிருக்க மாட்டேன்.

எண்பதுகளின் பின்பாதி. மலேசியாவில் ரப்பர் தோட்டத்தை விட்டு ஈப்போ நகரத்துக்கு வந்து, புந்தோங் பகுதியில் ஒரு வாடகை வீட்டில் இருந்தோம். அப்பாவும் அம்மாவும் பால்மரம் வெட்டியவர்கள். தோட்டம் துண்டு துண்டாக விற்கப்பட்ட பிறகு அப்பா ஒரு சீனத் தவுக்கேயிடம், அதாவது முதலாளியிடம், லாரி ஓட்டினார். நான் ஒரு டயர் கடையில் கணக்கெழுதுகிற கிராணி. கல்யாண வயது வந்துவிட்டது என்று அம்மா சொல்லிக்கொண்டிருந்தார். விளையாட்டு வயது இன்னும் முடியவில்லை என்பதுபோல் நான் நடந்துகொண்டிருந்தேன்.

அதற்குக் காரணம் என் கூட்டாளி ஒருவன். புதிதாக வந்த ஜப்பான் வீடியோ கேம் பெட்டியை வாங்கிக்கொண்டு, தன்னுடைய பழையதை என் தலையில் கட்டினான். கறுப்பாக, கனமாக, முன்பக்கம் மட்டும் மரக்கலரில் இருந்தது. பார்ப்பவர்களுக்கு அது ரேடியோவா, ரொட்டி சுடுகிற சாமானா என்று சந்தேகம் வரும். "பழசுதான் மச்சான், ஆனா நல்லா ஓடும்லா" என்றான். (என் மோட்டார் சைக்கிளை விற்றவனும் இதையேதான் சொன்னான்.)

முதல் வாரம் அதை வெறுத்தேன். கூட்டாளி வீட்டுப் புதுப் பெட்டியில் மேகத்துக்குக்கூட நிழல் இருந்தது. என் பெட்டியில் மனிதனுக்கே கை கிடையாது. ஒரு சதுரம் இன்னொரு சதுரத்தைத் துரத்தும். எது பேய், எது நான் என்பதை நானே முடிவு செய்துகொள்ள வேண்டும்.

மனசு மாறியது ஒரு கேசட்டால். (அந்தக் காலத்தில் கேம் வரும் அந்தக் குண்டுப் பெட்டியைக் கேசட் என்றுதான் சொல்வோம்.) மேலே ஒட்டியிருந்த படம் கிழிந்து போயிருந்ததால் அதன் உண்மையான பெயர் எனக்கு இன்றுவரை தெரியாது. ஒரு ஆள் கயிற்றைப் பிடித்துக் கிணற்றில் இறங்குவான். அடியில் விழுந்த வாளியை எடுத்துக்கொண்டு மேலே வர வேண்டும். அவசரப்பட்டால் கயிறு அறுந்துவிடும். அவன் விழும்போது, ஒரே ஒரு புள்ளி நகரும். அவன் நிமிர்ந்து மேலே பார்க்கிறான் என்று நமக்குத் தெரிந்துவிடும். முகமே இல்லாதவன் மேலே பார்க்கிறான்! எங்கேயோ ஒரு மனிதன் உட்கார்ந்து, கையில் இருந்த கொஞ்சம் புள்ளிகளில் ஒன்றை இதற்காக ஒதுக்கியிருக்கிறான் என்று நினைத்தபோது, எனக்கு அந்தப் பெட்டி மேல் மரியாதையே வந்துவிட்டது. அந்த ஆளுக்குக் கிணத்து முத்து என்று பெயர் வைத்து, பிளாஸ்திரித் துண்டில் எழுதி ஒட்டினேன்.

அதன்பிறகு பைத்தியம் முற்றியது. ஊரே பழைய பெட்டியைத் தூக்கிப் போட்டுக்கொண்டிருந்த நேரம். பாசார் மாலாம் என்கிற இரவுச் சந்தையில் கேசட்டுகள் செருப்புக்கும் சீப்புக்கும் நடுவில் கிடக்கும். வீடியோ வாடகைக் கடைக்காரர்கள் "எடுத்துட்டுப் போ, இடம் அடைக்குது" என்பார்கள். பக்கத்து ஊரான பத்து காஜாவில் ஒரு பழைய இரும்புக் கடை இருந்தது. அந்தக் கடைக்காரர் கேசட்டுகளைப் பழைய ஆணிகளோடு சேர்த்துத் தராசில் போடுவார். நான் ஒவ்வொன்றையும் முகர்ந்து, திருப்பி, உள்ளே எட்டிப் பார்த்து எடுப்பதைக் கண்டு, ஒரு நாள் அவர் தம் மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினார். எல்லாவற்றையும் ஒரு சதுர பிஸ்கட் டின்னில் வைத்திருந்தேன். பெயர் தெரியாதவற்றுக்கு நானே பெயர் வைத்தேன். தேனீக்காரி, ஓட்டை லாரி, தவுக்கே தப்பிச்சு ஓடுறான் என்றெல்லாம் இருந்தன.

இதற்கு நடுவில்தான் மல்லிகாவைப் பார்த்தேன். ஆயர் தாவாரில் அவர்கள் வீட்டில், முறைப்படி பெண் பார்க்கப் போயிருந்தோம். பத்து காஜா ஆஸ்பத்திரியில் நர்ஸ். காப்பியைக் கொடுத்துவிட்டு, "சீனி போதுமா?" என்று கேட்டார். அன்றிலிருந்து எனக்கு எந்தக் காப்பியிலும் சீனி போதவில்லை. ஆனால் அவருடைய அப்பா, தோட்டத்தில் ஆட்களை மேய்க்கும் மண்டோராக இருந்து ஓய்வு பெற்றவர், சட்டென்று தலையாட்டுகிற ஆள் இல்லை. "வீட்டைப் பாத்துட்டு சொல்றோம்" என்று முடித்துவிட்டார். விஜயதசமி நல்ல நாள், அன்று வருவதாகப் பேச்சு.

அதற்கு முதல் நாள் எங்கள் வீட்டில் ஆயுத பூஜை. தோட்டத்தை விட்டு வந்தும் அம்மா பால்வெட்டுக் கத்திகளைத் தூக்கிப் போடவில்லை. வருஷா வருஷம் அவற்றைத் துலக்கிச் சாமி முன்னால் வைப்பார். பக்கத்தில் அப்பாவின் லாரி சாவி. என் பங்குக்கு ஒரு பேனா. அந்தக் கத்திகளுக்குப் பக்கத்தில் என் பேனா எப்போதும் பரிதாபமாக இருக்கும். அந்த வருஷம் எனக்கு ரோஷம் வந்தது. பிஸ்கட் டின்னையும் கேம் பெட்டியையும் தூக்கி வந்து வைத்தேன்.

"இது என்னடா தொழில்?" என்றார் அம்மா.

தொழில் இல்லை, வித்தை என்றேன். அம்மா ஒத்துக்கொண்டார். பிறகு, "இதுல வேலை செய்யிற பக்கம் எது?" என்று கேட்டார். நானும் பெருமையாக ஒரு கேசட்டைத் திருப்பி, அடியில் செம்புப் பற்கள் வரிசையாக இருக்கும் வாயைக் காட்டி, "எல்லாமே இங்கதாம்மா இருக்கு" என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போனேன்.

(அந்த ஒரு வரியை மட்டும் சொல்லாமல் குளித்திருக்கலாம்.)

பூஜையில் வைத்ததை மறுநாள் வரை தொடக்கூடாது என்பது எங்கள் வீட்டு வழக்கம். நானும் தொடவில்லை. மறுநாள் கற்பூரம் காட்டி முடித்த கையோடு வாசலில் டாக்சி வந்து நின்றது. பெண்ணின் அப்பா, அம்மா, கூடவே என் அம்மாவுக்குத் தூரத்துச் சொந்தமான பெருமாள் மாமா. சம்பந்தம் பேசிவிட்டவர் அவர்தான். மற்றவர்கள் இறங்குவதற்குள் அவர் வேகமாக வந்து என் காதருகில் குனிந்தார்.

"தம்பி, அந்தக் கம்ப்யூட்டர எடுத்து வெளியே வை."

எந்தக் கம்ப்யூட்டர் என்று கேட்டேன்.

"அதான்லா, டிவியில மாட்டி என்னமோ தட்டிக்கிட்டு இருப்பியே. மாப்பிள்ளைக்கு கம்ப்யூட்டர் தெரியும், வீட்டுலயே சொந்தமா வச்சிருக்காருன்னு சொல்லிட்டேன். அதப் பாக்கத்தான் வாராங்க."

அந்தக் காலத்தில் கம்ப்யூட்டர் தெரிந்தவனுக்கு டாக்டருக்கும் ஜோசியருக்கும் உள்ள மரியாதை சேர்த்துக் கிடைக்கும். உண்மையைச் சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். அப்போது டாக்சியின் பின்சீட்டில் மல்லிகா இருப்பதைப் பார்த்தேன். லீவுக்கு ஊருக்குப் போகும் பெண்ணைப் பத்து காஜாவில் ஏற்றிக்கொண்டு வந்திருக்கிறார்கள். மாப்பிள்ளை வீட்டுக்குள் பெண் வரக்கூடாது, காரிலேயே இருப்பார் என்று ஏற்பாடு. திறந்த வாயை அப்படியே மூடிக்கொண்டேன். வெயிலில் பிள்ளை வேகுதே என்று அம்மா போய் அவரையும் உள்ளே கூட்டி வந்துவிட்டார்.

எல்லோரும் டிவி முன்னால் உட்கார்ந்தார்கள். பெண்ணின் அப்பா கையைக் கட்டிக்கொண்டார். நான் பூஜையில் இருந்த பெட்டியை எடுத்து டிவியில் மாட்டி, பிஸ்கட் டின்னிலிருந்து கைக்கு வந்த கேசட்டைச் செருகி, சுவிட்சைத் தட்டினேன்.

திரை முழுக்கக் கலர் கலராகக் கோடுகள் ஓடின. தறியில் நூல் அறுந்த கைலி மாதிரி இருந்தது.

"ஓடுது" என்றார் பெருமாள் மாமா, மரியாதையான குரலில்.

"என்ன கணக்கு போடுது?" என்று கேட்டார் பெண்ணின் அப்பா.

அது இன்னும் யோசிக்கிறது என்றேன். அடுத்த கேசட்டைப் போட்டேன். இன்னொரு கைலி. மூன்றாவதற்குத் திரை கறுத்தே போயிற்று. அந்தப் பெட்டி வைத்திருப்பவர்கள் எல்லோருக்கும் தெரிந்த ஒரே வைத்தியம் உண்டு. கேசட்டின் வாயில் பலமாக ஊதுவது. கிணத்து முத்துவை எடுத்தேன். நெஞ்சு நிறைய மூச்சை இழுத்து, ஊதினேன்.

காய்ந்த சந்தனமும் குங்குமமும் புகையாகக் கிளம்பி என் முகத்திலேயே அப்பியது. கண்ணில் போயிற்று, மூக்கில் போயிற்று. மிச்சம் பெண்ணின் அப்பாவுடைய வெள்ளைச் சட்டையில் போய் உட்கார்ந்தது. தும்மினேன். இரண்டாவது தவணையும் கிளம்பியது.

கண்ணைத் துடைத்துக்கொண்டு கேசட்டின் வாய்க்குள் பார்த்தேன். ஒவ்வொரு செம்புப் பல் மேலும் அழகாக, அக்கறையாக, சந்தனம் வைத்து அதன் நடுவில் குங்குமம். டின்னில் இருந்த அத்தனைக்கும். கேம் பெட்டியின் வாய்க்குள்ளும் விரல் எட்டிய மட்டும்.

"அம்மா, யாராச்சும் வாயிலயா பொட்டு வைப்பாங்க?"

"நீதானே வேலை செய்யிற பக்கம் அதுன்னு சொன்ன? கத்திக்கு பிடியிலயா வைக்கிறோம், வெட்டுற பக்கம்தானே வைக்கிறோம்?" என்றார் அம்மா. அதில் ஒரு தவறும் கண்டுபிடிக்க முடியவில்லை.

பெண்ணின் அப்பா சட்டையைத் தட்டிக்கொண்டு மெதுவாகக் கேட்டார். "தம்பி, இது கம்ப்யூட்டர்தானா?"

பெருமாள் மாமா திடீரென்று கூரையை ஆராயத் தொடங்கினார். இதற்குமேல் மறைக்க என்னிடம் முகமும் இல்லை, அதைத்தான் குங்குமம் மூடியிருந்தது. இது விளையாட்டுப் பெட்டி, அதுவும் பழசு, நான் டயர் கடையில் கிராணி, கம்ப்யூட்டரை நேரில் பார்த்ததுகூட இல்லை என்று சொல்லிவிட்டேன். பெண்ணின் அம்மா சேலைத் தலைப்பைச் சரிசெய்து, எழுந்திருக்கத் தயாரானார். என் கல்யாணம் அந்தத் தலைப்போடு சேர்ந்து எழுந்து வாசலுக்குப் போவது எனக்குத் தெரிந்தது.

"வேற பொய் ஏதும் இருக்கா?" என்று கேட்டது மல்லிகா.

"முடி என்னோடதுதான்" என்றேன். வேறு என்ன சொல்வதென்று தெரியவில்லை.

அவர் சிரிக்கவில்லை. கேசட்டை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். புண்ணைப் பார்ப்பது போல் பார்த்தார். "தண்ணி பட்டா கெட்டுப் போயிரும். பஞ்சும் ஸ்பிரிட்டும் இருந்தா சுத்தம் பண்ணிரலாம். ஸ்பிரிட் இருக்கா?"

பஞ்சு இருந்தது, விளக்குத்திரிக்கு வைத்தது. ஸ்பிரிட்டுக்கு எங்கே போவது? அம்மா இல்லை என்று தலையாட்டினார். நானும் தலையாட்டினேன். அப்போது, அதுவரை வாயே திறக்காமல் உட்கார்ந்திருந்த அப்பா எழுந்து, யாரையும் பார்க்காமல் குளியலறைப் பக்கம் போனார். பழைய பால்வாளி ஒன்று கவிழும் சத்தம் கேட்டது. திரும்பி வந்தபோது கையில் ஒரு போத்தல் சம்சு, எங்கள் தோட்டத்துச் சாராயம்.

தைப்பூசத்துக்குக் காவடி தூக்கி, இனிமேல் குடிப்பதில்லை என்று சத்தியம் செய்தவர் என் அப்பா. அம்மா போத்தலைப் பார்த்தார், அப்பாவைப் பார்த்தார், பிறகு எழுந்துபோய்ச் சாமி மேடைத் திரையை இழுத்து மூடிவிட்டு வந்தார்.

மல்லிகா மூடியைத் திறந்ததும் வாசம் கூடத்தை நிரப்பியது. பெண்ணின் அப்பா மூக்கை நிமிர்த்தினார். "இது நல்ல சரக்கு. எங்க பக்கம் இந்தக் காரம் வராது" என்றார். சொன்ன பிறகுதான் பக்கத்தில் தம் மனைவி இருப்பது அவருக்கு நினைவு வந்தது. எழுந்திருக்கத் தயாராக இருந்த அந்த அம்மா மறுபடியும் உட்கார்ந்தார். இப்போது அவருடைய பார்வை எங்கள் வீட்டு மேல் இல்லை, தம் கணவர் மேல். (அந்த நிமிஷம் இரண்டு குடும்பமும் சமமாகிவிட்டது என்று நினைக்கிறேன்.)

ஈர்க்குச்சியில் பஞ்சைச் சுற்றி, சம்சுவில் தோய்த்து, மல்லிகா ஒவ்வொரு பல்லாகத் துடைத்தார். பிறகு பெட்டியின் வாயை. கொஞ்ச நேரம் காய விட்டு, "போடுங்க" என்றார்.

கிணத்து முத்து வந்தான். கயிற்றில் ஆடிக்கொண்டு, நாலைந்து சதுரமாக, பரிதாபமாக. எனக்குக் கண் கலங்கிவிட்டது. (குங்குமம்.)

"இந்த ஆளு என்ன பண்றான்?" என்று கேட்டார் பெண்ணின் அப்பா. வாளி எடுக்கப் போகிறான் என்றேன். கட்டியிருந்த கையை அவிழ்த்து, ஜாய்ஸ்டிக்கை வாங்கிக்கொண்டார். முத்து உடனே விழுந்தான். அவர் திரைக்கு அருகில் குனிந்தார்.

"விழும்போது மேல பாக்குறான்" என்றார்.

புந்தோங்கில் நான் அந்தக் கேசட்டை எத்தனையோ பேருக்குக் காட்டியிருக்கிறேன். அதைக் கவனித்த முதல் ஆள் அவர்தான். இன்னொரு தடவை போடச் சொன்னார். முத்து மறுபடியும் விழுந்தான். வெளியே டாக்சிக்காரர் ஹாரன் அடித்தார். பெண்ணின் அம்மா, "போலாமா?" என்றார். பெண்ணின் அப்பா காதில் அது விழவில்லை. காலில் இருந்த விரல்கள்கூட மடங்கி, முத்துவோடு சேர்ந்து கயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்தன. பாதிக் கிணறு இறங்கியதும் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டார்.

"மாப்பிள்ளை, வாளிய எடுத்துட்டு கயிற எப்படி புடிக்கிறது?"

அதுவரை தம்பியாக இருந்தவன் நான். பெருமாள் மாமா கூரையிலிருந்து இறங்கி வந்தார். அம்மா சீனி டப்பா எடுக்க அடுப்படிக்கு ஓடினார். பெண்ணின் அம்மா மகளைப் பார்த்தார். மல்லிகா எங்களில் யாரையும் பார்க்கவில்லை. புதிய ஈர்க்குச்சியில் பஞ்சைச் சுற்றிக்கொண்டே என் பக்கம் கையை நீட்டினார்.

"அடுத்தது எது?" என்றார்.

தேனீக்காரியை எடுத்துக் கொடுத்தேன்.

கல்யாணத்துக்குப் பிறகு வந்த முதல் தீபாவளிக்கு ஆயர் தாவார் போனபோது, மாமனார் வேட்டியோடு ஒரு பொட்டலமும் கொடுத்தார். உள்ளே மூன்று கேசட்டுகள், மூன்றுக்கும் பெயர் கிடையாது. எங்கேயோ மூடப்போகிற கடையில், நான் செய்வதுபோலவே முகர்ந்து பார்த்து எடுத்தாராம். இப்போது என் வீட்டில் ஒரு அலமாரி நிறைய இருக்கிறது. மல்லிகா வருஷத்துக்கு ஒரு முறை எல்லாவற்றையும் துடைக்கிறார், ஆஸ்பத்திரி ஸ்பிரிட்டில்.

எங்கள் குடும்பத்தில் இன்றுவரை யாராவது கொஞ்சம் அதிகமாகப் பெருமை பேசினால், வாதாட மாட்டோம். பிள்ளைகளில் ஒன்று சொல்லிவிடும், "ஊதிப் பாப்போமா?" போன மாதம் என் மகளைப் பெண் கேட்டு வந்தவர்கள், பையனுக்குப் பெரிய கம்பெனியில் பெரிய வேலை என்று சொல்லிக்கொண்டே போனார்கள். மல்லிகா புன்னகை மாறாமல் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, அவர்கள் காதில் விழாமல் என்னிடம் சொன்னார்.

"நீங்க ஊதாதீங்க. இந்தத் தடவை நான் ஊதுறேன்."