முப்பது கிலோவும் ஒரு மீசையும்

கார் வந்துவிட்டது. அதில் உட்கார இடம்தான் வரவில்லை.

"மூணாவது பெட்டி எங்கய்யா?" என்று திருவள்ளூர் ஸ்டேஷன் கூட்ஸ் ஷெட்டில் நான்காவது தடவையாக வந்து கத்திக்கொண்டிருந்தார் வீரராகவன்.

கோயம்புத்தூரில் ஒரு கம்பெனி, ரேஸ் காரைத் துண்டு துண்டாகப் பெட்டியில் போட்டு விற்றது. வாங்குகிறவன் ஒரு பழைய எஞ்சினைத் தேடிப் பிடித்துத் தானே பூட்டிக்கொள்ள வேண்டியது. முதல் பெட்டியில் காரின் இரும்புச் சட்டம் வந்தது. இரண்டாவதில் ஃபைபர் பாடி வந்தது. இரண்டையும் வீரராகவனே கூட நின்று இறக்கி, தானியேலின் குஷன் கடைக்குப் பின்னால் இருந்த கொட்டகைக்குக் கொண்டுபோய்விட்டார். மூன்றாவது பெட்டியில்தான் உள்வேலைச் சாமான் எல்லாம்: ஓட்டுகிறவனுக்கு ஒரே ஒரு சீட்டு, தரைக்கு விரிப்பு, மீட்டர் மாட்டுகிற பலகை.

"பெட்டி வந்துச்சு, டெலிவரியும் ஆயிடுச்சு சார். இதோ பாருங்க, கைநாட்டு கீது" என்று ரிஜிஸ்தரைத் திருப்பிக் காட்டினார் குமாஸ்தா.

"யார் கைநாட்டுய்யா இது? நான் ஃபோர்மேன். எம் பொஞ்சாதி எட்டாவது பாஸு. எங்க ஊட்ல கைநாட்டு வெக்கிற ஆளே கெடையாது!"

"அத்த என்னாண்ட சொன்னா நான் இன்னா சார் பண்றது?"

வேறு சமயமாக இருந்தால் வீரராகவன் விட்டுத் தொலைத்திருப்பார். இப்போது விட முடியாது. மீசை மாட்டிக்கொண்டிருந்தது.

அவர் வேலை பார்த்த பம்ப் செட் தொழிற்சாலையில் ஸ்டோர் கீப்பராக இருந்த பூவராகவன்தான் வம்பை இழுத்தவர். "ஃபோர்மேன் சார் கட்ற காரு சோழவரத்துல ஓடுமா, இல்ல நாங்கள்லாம் வந்து தள்ளணுமா?" என்று கேண்டீனில் எண்பது பேருக்கு முன்னால் கேட்டுவிட்டார். வீரராகவனுக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. "மாசி மாசம் சோழவரம் ரேஸ்ல என் காரு ஓடல, இந்த மீசைய எட்த்துர்றேன்யா!" என்று மேஜையைத் தட்டினார். பதினெட்டு வருஷத்து மீசை. தினமும் காலையில் எண்ணெய் தடவி, முறுக்கி, கண்ணாடியில் இரண்டு பக்கமும் சரிபார்த்த பிறகுதான் அவர் பல்லே விளக்குவார்.

ரேஸ் நடத்துகிறவர்களோ ஒரு சட்டம் போட்டிருந்தார்கள். வீட்டில் கட்டிய கார் நானூற்று முப்பது கிலோவுக்கு மேல் போகக் கூடாது. அதற்காக வெறும் தகரத்தில் சாக்கைப் போட்டுக்கொண்டு வந்தாலும் சேர்க்க மாட்டார்கள். சீட்டு, தரை, பலகை எல்லாம் முழுசாக இருக்க வேண்டும். வீரராகவனின் கார் எஞ்சினோடு சரியாக நானூறு கிலோ. அரிசி மில்லில் லாரி எடைபோடும் மேடையில் ஏற்றிப் பார்த்தாயிற்று. பாக்கி முப்பது கிலோவுக்குள் உள்வேலை அத்தனையும் முடிய வேண்டும்.

கொதித்துக்கொண்டே வீட்டுக்கு வந்தார். செருப்பைக்கூடக் கழற்றவில்லை, உள்ளறைக் கதவுக்குப் பின்னாலிருந்து மாமியார் குரல் வந்தது.

"செல்வி, மாப்ள வந்துட்டாரா? நாற்காலி ரொம்ப சொகமா கீதுன்னு சொல்லு. இடுப்பு வலி போன எடம் தெர்ல."

ஜானகியம்மாள் ஆர்.கே.பேட்டைக்காரர். மார்கழி பிறந்ததும் வைத்தியம் பார்த்துக்கொள்ள மகள் வீட்டுக்கு வந்தவர். மாப்பிள்ளைக்கு எதிரில் வரமாட்டார். நேராகப் பேசவும் மாட்டார். கல்யாணத்தன்று மணவறையில் பார்த்ததோடு சரி. இந்த எட்டு வருஷமாக வீரராகவனுக்கு மாமியார் என்றால் ஒரு கதவு, அதற்குப் பின்னால் ஒரு குரல், நடுநடுவே சுண்ணாம்பு டப்பா மூடுகிற சத்தம். அவ்வளவுதான். மாமியார் இருக்கிற அறைக்குள் மாப்பிள்ளை காலெடுத்து வைப்பதாவது!

தீபாவளிக்கு ஆர்.கே.பேட்டைக்குப் போனபோது, "அத்தைக்கு இடுப்பு வலியா? நான் நல்ல ஈஸி சேரா ஒண்ணு வாங்கி அனுப்பறேன்" என்று வாய் நிறையச் சொல்லிவிட்டு வந்தவர் அதோடு மறந்துபோனார். செல்விதான் தன் சேமிப்பில் வாங்கிப் போட்டுப் புருஷன் மானத்தைக் காப்பாற்றியிருக்கிறாள்! வீரராகவனுக்கு நெஞ்சு நெகிழ்ந்தது. வாங்கியது தான் இல்லை என்று வெளியே சொல்லித் தன் பெயரைக் கெடுத்துக்கொள்ள அவர் என்ன முட்டாளா?

"இதெல்லாம் இன்னா பெரிய விஷயம்! அத்தைக்குச் செய்யாம வேற யாருக்குச் செய்யப் போறேன்னு சொல்லு" என்று உரக்கச் சொல்லிவிட்டு, செல்வியைப் பார்த்துக் கண்ணடித்தார். அவள் 'சீ' என்று வெட்கப்பட்டுக்கொண்டு அடுக்களைக்குள் போய்விட்டாள்.

பெட்டியை நம்பிப் பிரயோசனமில்லை என்று தானியேலிடமே உள்வேலையை ஒப்படைத்தார். திருவள்ளூர் வட்டாரத்தில் குஷன் என்றால் தானியேல்தான். அவர் தைத்த சீட்டு எல்லாம் சினிமாக் கொட்டகையில் இருந்தது என்பதுதான் விஷயம்.

"மூணு டாக்கீஸுக்குச் சீட்டு போட்ட கை சார் இது. ஒரு ஆள் கீழ வுளுந்தான்னு கேட்டிருக்கீங்களா?" என்றார் தானியேல்.

நாலே நாளில் இரும்புக் கம்பிச் சட்டம் அடித்து, தேங்காய் நார் திணித்து, கறுப்பு ரெக்ஸின் போர்த்திச் சீட்டு தயாராகிவிட்டது. வீரராகவன் துண்டு ரெக்ஸினை எடுத்துவந்து செல்விக்குக் காட்டினார். கதவு ஒரு விரற்கடை திறந்தது.

"ஐயோ நைனா! புது வண்டியில கறுப்பா? செல்வி, வேணாம்னு சொல்லு. மங்களகரமா அரக்குல போடச் சொல்லு."

"ரேஸ் காருன்னா கறுப்புதான் அத்தை..." என்று ஆரம்பித்தார்.

"எனக்கு நாற்காலி வாங்கிக் குட்த்த மகராசன் நல்லா இருக்கணுமேன்னு சொல்றேன். அப்புறம் அவரு இஷ்டம்."

இப்படிச் சொன்ன பிறகு என்ன செய்வது? வாங்காத நாற்காலிக்குப் பெயர் வாங்கியாகிவிட்டது. அதற்கு வட்டி கட்டித்தானே ஆக வேண்டும்! தானியேல் கறுப்பைப் பிரிக்கச் சோம்பல்பட்டு அதன் மேலேயே அரக்கு ரெக்ஸினைப் போர்த்தித் தைத்துவிட்டார். மில்லில் எடை போட்டார்கள். நானூற்று நாற்பத்தொன்று. தரையும் பலகையும் இன்னும் போடவே இல்லை!

"இரும்ப எட்த்துட்டு பிரம்புல செய்யலாம் சார். பூ மாதிரி இருக்கும்" என்றார் தானியேல்.

பூ மாதிரிதான் இருந்தது. வீரராகவன் உட்கார்ந்து எஞ்சினைக் கிளப்பியதும் பிரம்பு கிறீச்சிட்டது, பிறகு விட்டுக்கொடுத்தது. ஃபோர்மேனின் பின்பக்கம் சட்டத்துக்குள் இறங்கிக் கால் இரண்டும் மேலே வந்துவிட்டது. தானியேலும் மில் ஆள் ஒருவரும் ஆளுக்கொரு கை பிடித்து இழுத்தார்கள்.

"அடியில ரெண்டு பலகை குட்த்துட்டா எங்கியும் போவாது சார்" என்று தானியேல் ஆறுதல் சொன்னார். தேக்குப் பலகை கொடுத்தார். இரண்டல்ல, நான்கு. நானூற்று நாற்பத்தாறு.

தரைக்கு ரெக்ஸின் வேண்டாம், கோரைப்பாய் போதும் என்று வீரராகவனே யோசித்தார். நல்ல யோசனை. ஆனால் பாயின் ஓரம் பிரிந்து கிளட்சில் சுற்றிக்கொண்டு கார் நேராகத் தானியேல் கடைச் சுவரில் போய் முட்டியது. பாய் நகராமலிருக்க அடியில் பிளைவுட் போட்டு ஆணி அடித்தார் தானியேல். மீட்டர் பலகைக்கு, யார் வீட்டிலோ கழற்றிப்போட்ட பழைய கதவை அறுத்து, மூன்று மீட்டருக்கு வட்டமாக மூன்று ஓட்டை போட்டு, பாலிஷும் அடித்து நிறுத்தினார். பார்க்க என்னவோ பீரோ மாதிரி கம்பீரமாகத்தான் இருந்தது.

"நானூத்தி அறுபத்தி ரெண்டு" என்றார் மில் ஆள்.

"தானியேலு! நீ காரு செய்றியா, கட்டில் செய்றியா?"

"காரு வரும் போவும் சார். கட்டைதான் நிக்கும்."

"அது நின்னுட்டுப் போவட்டும், காரு ஓட வேணாமாய்யா? நான் இன்னா பாவம் பண்ணேன்! ஒரு பெட்டி, ஒரே ஒரு பெட்டி ஒழுங்கா வந்திருந்தா இந்தப் பேஜாரு எனக்கு உண்டா?" வீரராகவனுக்கு அழுகையே வந்துவிட்டது. கோயம்புத்தூருக்குத் தந்தி அடித்தார். 'மூன்றாவது பெட்டி அனுப்பி இரண்டு மாதம் ஆகிறது. வேறு கிடையாது' என்று பதில் வந்தது.

ரேஸ் ஞாயிற்றுக்கிழமை. சனிக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்குள் சோழவரத்தில் காரை எடைபோட்டுக் காட்டி நம்பர் வாங்கிவிட வேண்டும். சனிக்கிழமை காலையில் வீரராகவன் கடப்பாரையை எடுத்தார். சீட்டு, பலகை, பிளைவுட், பாய் எல்லாவற்றையும் பெயர்த்துக் கொட்டகைக்கு வெளியே வீசினார். தானியேல் மாரில் அடித்துக்கொண்டார். கார் மறுபடியும் நானூறு கிலோ ஆயிற்று. மறுபடியும் உட்கார இடமில்லாமல் ஆயிற்று. அதை அப்படியே தள்ளிக்கொண்டு வந்து வீட்டு வாசலில் நிறுத்திவிட்டு, கூடத்தில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார்.

பதினோரு மணிக்குப் பூவராகவன் வந்தார். கூடவே தொழிற்சாலை ஆட்கள் பத்துப் பன்னிரண்டு பேர். அவர்களுக்குப் பின்னால் பெட்டியை அக்குளில் இடுக்கிக்கொண்டு நாவிதர் சின்னதுரை.

"ஃபோர்மேன் சார், அவசரம் ஒண்ணுமில்ல. நாலு மணி வரைக்கும் டைம் கீது. சும்மா பார்த்துட்டுப் போலாம்னு வந்தோம்" என்றார் பூவராகவன். சின்னதுரை அதற்குள் கத்தியைத் தோல் வாரில் தீட்ட ஆரம்பித்துவிட்டார்.

"தீட்டாதய்யா! கேக்கவே ஆவல!" என்றார் வீரராகவன்.

"இன்னா சார் கொறை? சீட்டுதானே? நாலு சாக்கு மடிச்சுப் போட்டுக்கினு போங்க" என்றார் ஒருவர்.

"சாக்குன்னா உள்ள வுட மாட்டாங்கய்யா. சீட்டு வேணும், முப்பது கிலோவுக்குள்ள வேணும். அந்த மாதிரி சீட்டு இந்தத் திருவள்ளூர்ல, ஏன், இந்த ஜில்லாவுலயே கெடையாது. பெட்டிய முழுங்கினவன் வெளங்க மாட்டான். அவன் இடுப்பு ஒடியணும்!" என்று மண்ணை வாரித் தூற்றாத குறையாகச் சபித்துவிட்டு, மீசையை ஒரு முறை, கடைசி முறையாக, முறுக்கினார். "செல்வி, வெந்நி கொண்டா."

செல்வி கண்ணைத் துடைத்துக்கொண்டு கிண்ணத்தில் வெந்நீர் கொண்டுவந்தாள். சின்னதுரை மீசையில் தண்ணீர் தொட்டு வைத்தார்.

உள்ளறையில் சுண்ணாம்பு டப்பா 'டக்'கென்று மூடியது. கதவு ஒரு விரற்கடை திறந்தது.

"செல்வி, மாப்ள ஏன் கலங்கறாரு? எனக்குக் கோயம்புத்தூர்லேந்து பெட்டி போட்டு வரவழைச்சுக் குட்த்தாரே நாற்காலி, ஸ்டேஷன் ஆளு வாசல்ல கொண்டாந்து எறக்கினப்போ நான் கைநாட்டு வெச்சு வாங்கினது, அத்தத் தூக்கி வண்டியில வெச்சுக்கினு போவச் சொல்லு. ஒரு கையால தூக்கலாம், இடுப்புல கட்டிக்க வாரு கூட கீது. ஆனா அதுகூட வந்த மூணு ஓட்டைப் பலகைய மட்டும் கேக்க வேணாம்னு சொல்லிடு, என் சொம்பு, வெத்தலப் பொட்டி, சுண்ணாம்பு டப்பா மூணும் அதுல அளவெடுத்த மாதிரி உக்காருது."